நொண்ட வேண்டிய நாளில் குதித்தேன்

ஒரு விஷயத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ‘வலிக்குது’ என்று நான் வாய்விட்டுச் சொன்னது என் இருபத்தாறாவது வயதில்தான். அதற்கு முன் வலித்ததே இல்லை என்று அர்த்தமில்லை. திருக்கை முள் குத்தியிருக்கிறது, நண்டு விரலைக் கவ்வியிருக்கிறது, நங்கூரம் பாதத்தில் விழுந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் ‘ஒண்ணும் இல்ல’ என்பதுதான் என் பதில். பழவேற்காட்டு ஏரிக்கரையில் எங்கள் கோட்டைக்குப்பத்தில் ஆம்பளை என்றால் அப்படித்தான் இருக்கவேண்டும் (இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நானே முடிவு செய்துகொண்டேன்). இந்த வீராப்பால் ஏரியில் பெரிய கெடுதல் ஒன்றும் வரவில்லை. கோர்ட்டில்தான் மானத்தை வாங்கியது.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் விட்டுப்போன கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. அதன் வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். பட்டணத்திலிருந்து கார் எடுத்துக்கொண்டு வந்து அவற்றோடு படம் எடுத்துக்கொண்டு போவார்கள். நாங்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சந்தைக்குப் போகிற வழி அது, அவ்வளவுதான்.

ஒரு நாள் காலை சைக்கிளின் பின்னால் நண்டுக் கூடையைக் கட்டிக்கொண்டு அந்த வழியாகப் போனேன். கல்லறையைப் பார்த்து முடித்த ஒரு குடும்பத்தின் கார் ரிவர்ஸில் வந்து என்னைத் தூக்கி வீசியது. கண்ணைத் திறந்தால் நேர் எதிரே இரண்டு எலும்புக்கூடுகள். சரி, வந்து சேர்ந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் நண்டுகள் சாலையெங்கும் ஓடிக்கொண்டிருந்தன. மேலுலகத்தில் இவ்வளவு நண்டு இருக்காது என்று தோன்றியதும் எழுந்துவிட்டேன். காரிலிருந்து இறங்கிய மனிதர் பதறிப்போய், “தம்பி, ஆஸ்பத்திரிக்குப் போலாம், ஏறுங்க” என்றார். நல்ல மனிதர். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும்.

“ஒண்ணும் இல்ல சார். நீங்க போங்க.”

அதோடு விட்டேனா? அவர் காரின் பின்பக்கம் நசுங்கியிருந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். டயரடியில் போன நண்டு ஒன்றை இழுத்துவிட்டு, “வா, வா, லெஃப்ட்ல ஒடி” என்று கை காட்டி வண்டியைத் திருப்பியும் கொடுத்தேன். எதிர்த்த டீக்கடைக்காரர் மட்டும் தலையில் அடித்துக்கொண்டு, கரித்துண்டால் கடைச் சுவரில் கார் நம்பரை எழுதி வைத்தார். அந்தச் சுவருக்கு இருந்த புத்தி அன்று எனக்கு இல்லை.

மறுநாள் முழங்கால் பனம்பழம் மாதிரி வீங்கிவிட்டது. பொன்னேரி ஆஸ்பத்திரியில் முட்டிச் சில்லு விரிசல் என்றார்கள். மூன்று மாதம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்தபோது கால் பாதிக்கு மேல் மடங்கவில்லை. படகு தள்ளுவது, வலை இழுப்பது எல்லாம் இனி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்ட நைனா, அதாவது என் அப்பா, மறுநாள் விடியலில் வழக்கம்போலத் தனியாகப் படகை எடுத்துக்கொண்டு போனார். அந்த வயதில் அவர் ஒண்டியாக வலை இழுப்பதைக் கரையில் உட்கார்ந்து பார்த்தது எனக்கு முட்டியைவிட அதிகமாக வலித்தது. இழப்பீடு வந்தால் ஐஸ் பெட்டி வாங்கி நண்டு வியாபாரம் தொடங்கலாம், அவரைக் கரையேற்றிவிடலாம். அதற்காகத்தான் கேஸ் போடச் சம்மதித்தேன்.

பொன்னேரியில் எங்கள் வக்கீலம்மா சின்ன வயது, ஆனால் கறாரானவர். முதல் கேள்வியே, “இப்ப வலி இருக்குதா?”

“ஒண்ணும் இல்லம்மா.”

பேனாவை மூடி வைத்துவிட்டார். “இன்னொரு தடவ இந்த வார்த்தைய சொன்னீங்கன்னா கேஸு கட்டைத் தூக்கிக்கிட்டு வேற வக்கீலப் பாருங்க. அடிபட்டப்பவும் இதையேதான் சொன்னீங்களா?”

“வண்டியும் திருப்பிக் குடுத்தாம்மா” என்று நைனா பெருமையாகச் சேர்த்துக்கொண்டார்.

வக்கீலம்மா மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்றைக்கூடத் தூரப் போடக்கூடாது. கேஸைப் பற்றி வெளியாளிடம் வாயைத் திறக்கக்கூடாது. டாக்டர் வேண்டாம் என்றதைச் செய்யக்கூடாது. “இன்சூரன்ஸ் கம்பெனிலேந்து ஆளு வருவாங்க. யாருன்னு சொல்லிக்கமாட்டாங்க. நல்லாப் பேசுவாங்க. ஜாக்கிரதை.” இன்சூரன்ஸ் ஆள் என்றால் பேண்ட், இன் பண்ணிய சட்டை, தோல் பை என்று என் மனதில் ஒரு படம் விழுந்துவிட்டது.

அதே சமயத்தில்தான் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏரிக்கு மேற்கே ஆரம்பாக்கத்தில் ஒரு பெண், பெயர் மல்லிகா. நான் அடிபட்ட செய்தி அங்கே போய்ச் சேர்ந்தபோது எனக்கு இரண்டு காலுமே இல்லை என்று ஆகிவிட்டிருந்ததாம். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் கொடுப்பதற்கு முன், முகம் தெரியாத ஒருத்தரை மாப்பிள்ளை ஊருக்கு அனுப்புவார்கள். அவர் மீன் வாங்க வந்தவர்போல வந்து, பையன் எப்படி, குடிப்பானா, படகைத் தள்ள உடம்பில் தெம்பு இருக்கிறதா என்று நைசாகப் பார்த்துவிட்டுப் போவார். அப்படி ஓர் ஆள் வருவார் என்று தரகர் சொல்லியிருந்தார்.

ஆக, இரண்டு ஆட்கள் வரவேண்டும். ஒருவர் முன்னால் நொண்டவேண்டும், ஒருவர் முன்னால் குதிக்கவேண்டும். இதில் என்ன பெரிய கஷ்டம் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வேட்டி கட்டி, தோளில் துண்டு போட்ட ஒரு பெரியவர் கரைக்கு வந்தார். கழுத்தில் ஒரு கேமரா.

“நண்டு கிடைக்குமா தம்பி? பேரப் பசங்க கேட்டாங்க.” பிறகு என் காலைப் பார்த்து, “கார் மோதிச்சின்னாங்களே, நீங்கதானா?”

நைனா என் காதில், “பொண்ணு வீட்டு ஆளுடா. வேட்டியப் பாரு” என்று கிசுகிசுத்தார். அவ்வளவுதான், என் உடம்புக்குள் ஏதோ புகுந்துகொண்டது.

“மோதிச்சிங்க. காருக்குத்தான் அடி. எனக்கு இன்னா?”

“அப்ப படகெல்லாம் தள்ளுவீங்களா?”

“தள்ளுறதாவது! நைனா, படகுல ஏறி உக்காரு.”

“டேய், டாக்டரு...” என்று தொடங்கிய நைனா, பெண் வீட்டு ஆளின் முகத்தைப் பார்த்தார். தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு படகில் ஏறி ஜம்மென்று உட்கார்ந்துவிட்டார். நைனாவோடு சேர்த்துப் படகைத் தண்ணீருக்குள் தள்ளினேன். முட்டிக்குள் ஏதோ நறுக்கென்றது. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

“பலே! எந்தக் கால்ல அடி?”

“இந்தக் கால்லங்க” என்று சொல்லி அந்த ஒற்றைக் காலில் பூநாரை மாதிரி நின்று காட்டினேன். கேட்காமலே இரண்டு தடவை குதித்தேன்.

“அப்படியே நில்லுங்க, ரெண்டு மூணு படம் எடுத்துக்கிறேன்.”

நாங்கள் நின்றோம். நைனா படகிலிருந்து இறங்கி வந்து துடுப்பைத் தோளில் சாய்த்துக்கொண்டார். நான் ஒற்றைக் காலில் நின்றபடியே அவர் தோளில் கை போட்டுக்கொண்டேன். பெண் வீட்டில் காட்டப்போகிற படமாயிற்றே! அவர் கேட்ட நண்டோடு இரண்டு நண்டு கூடப் போட்டு அனுப்பினேன்.

மறுநாள் என்னைத் தூக்கிக்கொண்டுதான் பொன்னேரிக்குப் போனார்கள். முட்டியிலிருந்து நீர் எடுத்தார்கள். டாக்டர் திட்டியபடியே, கனமான பொருளைத் தள்ளியதால் மறுபடி சேதம் என்று சீட்டில் எழுதினார். வக்கீலம்மா சொன்னபடி அந்தச் சீட்டை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டேன் (அவர் சொன்னதில் நான் கேட்டு நடந்தது இது ஒன்றுதான்).

செவ்வாய்க்கிழமை பேண்ட், இன் பண்ணிய சட்டை, தோல் பையோடு ஒருவர் வீட்டுக்கே வந்துவிட்டார். “தேசிங்கு வீடு இதுதானே? உடம்பு எப்படிக்குது?” என்றார். தேசிங்கு நான்தான். வந்துட்டான்யா கம்பெனிக்காரன் என்று பாயில் சரிந்தேன். நிஜமாகவே வலித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் நிஜ வலிக்கு என்ன சத்தம் என்று எனக்குத் தெரியாது, முனகிப் பழக்கமில்லையே! தோன்றியபடியெல்லாம் ஊளையிட்டேன்.

“ரெண்டு காலுமே வராதுங்க. தண்ணி குடிக்கணும்னாகூட நைனாதான் ஊத்தணும்.”

நைனாவும் சளைக்கவில்லை. “பொறந்த கொழந்த மாதிரி பாத்துக்கிறேங்க” என்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வந்தவர் முகம் வாடிக்கொண்டே போனது. நடிப்பு வேலை செய்கிறது என்று நான் இன்னும் கொஞ்சம் முனகினேன்.

அப்போதுதான் மூலையில் இருந்த கூடையிலிருந்து கட்டு அவிழ்ந்த ஒரு பெரிய நண்டு, இரண்டு கொடுக்கையும் விரித்தபடி பாயின் மேல் ஏறியது. நேராக என் கால் கட்டைவிரலை நோக்கி வந்தது. நான் எழுந்ததோ தாண்டியதோ நினைவில்லை. வந்தவரையும் தாண்டி வாசலில் நின்றேன். பிறகு முட்டி வேலையைக் காட்ட, தெருவே திரும்பிப் பார்க்கும்படி அலறினேன். அன்றைய கச்சேரியில் அந்த ஒரு அலறல்தான் நிஜம்.

“சார், கேஸு போச்சா சார்?” என்றேன்.

“இன்னா கேஸு? நான் ஆரம்பாக்கத்துலேந்து வரேன். மல்லிகாவுக்குத் தாய்மாமன். கம்பெனில அர நாள் லீவு போட்டுட்டு வந்தேன்.”

நானும் நைனாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நைனாதான் கேட்டார். “அப்ப ஞாயித்துக்கெழம நண்டு வாங்கினு போனது யாருடா?”

அது யாரென்று கோர்ட்டில் தெரிந்தது. இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல், அந்த வேட்டிக்காரர் எடுத்த படங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். எங்கள் வக்கீலம்மா அவற்றைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது.

“இதுல இருக்கறது நீங்கதானா?” என்றார் கம்பெனி வக்கீல்.

“ஆமாங்க.”

“எந்தக் கால்ல நிக்கிறீங்க?”

“அடிபட்ட கால்லங்க.”

“வலிக்கலையா?”

தொண்டை வரைக்கும் ‘ஒண்ணும் இல்ல’ வந்துவிட்டது. பின் வரிசையில் நைனா உட்கார்ந்திருந்தார். வலை இழுத்து இழுத்து ஒரு தோள் இறங்கிப்போயிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“வலிச்சிதுங்க ஐயா. உசுரே போச்சு. பொண்ணு வீட்டு ஆளுனு நெனச்சி சிரிச்சிக்கினு நின்னேங்க. இப்பவும் வலிக்குதுங்க.”

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். வக்கீலம்மா சட்டென்று எழுந்து, படம் எடுத்ததற்கு மறுநாள் தேதியிட்ட ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினார். அதைப் படித்துவிட்டு நீதிபதி கேட்டார். “அந்தப் பொண்ணு என்ன ஆச்சு?”

“கல்யாணம் ஆயிடுச்சிங்க ஐயா. அதோ, எங்க நைனா பக்கத்துல உக்காந்துக்கினு இருக்குது.”

கோர்ட்டே சிரித்தது. கம்பெனி வக்கீலும் சிரித்தார். கேட்டதில் பாதிதான் கிடைத்தது. “மீதி உங்க வீரத்துக்கு அபராதம். நியாயமாப் பாத்தா உங்க வக்கீலுக்குத்தான் தனியா நஷ்ட ஈடு தரணும்” என்றார் நீதிபதி. பெரிய ஐஸ் பெட்டி வாங்க நினைத்த இடத்தில் சின்னதாக ஒன்று வாங்கினேன். ஆனாலும் நைனா ஏரியில் வலை இழுப்பது அந்த வருஷத்தோடு நின்றது.

மல்லிகா எப்படி ஒத்துக்கொண்டாள் என்றுதானே கேட்கிறீர்கள்? தாய்மாமன் ஊருக்குப் போய் நண்டுக் கதையை நடித்தே காட்டியிருக்கிறார். சிரித்துச் சிரித்து வயிறு வலித்ததாம் அவளுக்கு. கடைசியில், “இவ்ளோ கேவலமாப் பொய் சொல்ற ஆளு என்னிய எந்தக் காலத்துல ஏமாத்தப்போறான்? இவரையே கட்டிக்கிறேன்” என்றாளாம்.

தீர்ப்பு சொன்ன அன்று நைனா வக்கீலம்மாவிடம் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். “அந்தப் படத்துல ஒண்ணு குடுப்பாங்களாம்மா? எம்புள்ள அதுல நல்லா இருக்கான்.” வக்கீலம்மா முறைத்தார். ஆனால் எப்படியோ பிரதி ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டார். நானும் நைனாவும் சேர்ந்து இருக்கிற ஒரே படம் அதுதான். நைனா இப்போது இல்லை. எங்களுக்கு எதிராகச் சாட்சி சொன்ன படம் என்று தெரிந்தும் அதற்குச் சட்டம் போட்டு நடுவீட்டில் மாட்டியிருக்கிறேன். அவர் கேமராவைப் பார்த்து அவ்வளவு நம்பிக்கையோடு சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு என்னவோ செய்கிறது.

எனக்கு முட்டி இன்னும் சரியாக மடங்குவதில்லை. இப்போதும் முன்பின் தெரியாத ஆள் யாராவது வந்து வாசலில் நின்றால் போதும், நான் எழுவதற்குள் அடுக்களையிலிருந்து மல்லிகாவின் குரல் வந்துவிடும்.

“மொதல்ல யாருனு கேட்டுக்க. அப்பறமா நொண்டு.”