நங்கநல்லூரில் தங்கிவிட்ட பயணப் பை

தியாகராய நகர்,
6-5-1973

நான் மருமகளாய் வந்த அன்று பாவாடை சட்டையில் வாசலில் நின்ற என் நாத்தனார் ஜெயபாரதிக்கு, உன் மதினி பேச்சியம்மாள் எழுதுவது. இங்கு அனைவரும் சுகம். நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமாயிருக்க முருகன் துணை. இனி உன்னோடு பேசுவதில்லை என்று முடிவு செய்துவிட்டபடியால் எழுதுகிறேன். எழுதினால் பேசியதாக ஆகாது என்று உன் அண்ணனும் சொல்லிவிட்டார்.

அன்று மீனம்பாக்கத்தில் எங்களை வழியனுப்ப வந்தவர்கள்: மகன் வைரவன், அவன் பெண்டாட்டி, அவர்கள் பிள்ளைகள் இரண்டு, கடைக் கணக்கர் கல்யாணராமன், எதிர்க்கடை மெஹபூப் பாஷா, அவர் சம்சாரம் சகினா, உன் வீட்டுக்காரர் அய்யாதுரை, அப்புறம் நீ. நீ கட்டியிருந்தது அரக்குக் கலர் பட்டு, போன தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்தது. எனக்கு எதுவும் மறக்காது.

செவ்வாய்க்கிழமை பயணம் ஆகாது, திங்களன்றே நல்ல நேரத்தில் ஒரு பையைக் கொண்டுவந்து என் வீட்டில் வையுங்கள், பயணம் அன்றே தொடங்கினதாக ஆகிவிடும் என்று சொன்னதும் நீதான். சரி என்று பையை வைத்தோம். மறுநாள் நீ அதை விமான நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தாய், அதையும் ஒப்புக்கொள்கிறேன். விமானம் ஆறு மணி நேரம் தாமதம் என்றார்கள். நீ நங்கநல்லூர் பக்கம்தானே, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்றாய். பையைக் கொடுத்துவிட்டுப் போ என்று கேட்டேன். "ஏறுற நேரத்துலதான் கையில குடுக்கணும் மதினி, இல்லாட்டி வச்சதுக்குப் பலனில்ல" என்று பையோடு ஆட்டோவில் ஏறினாய். தாமதம் என்று சொன்னவர்கள் நாலாவது மணி நேரத்திலேயே கூப்பிட்டுவிட்டார்கள். நீ அங்கே ரசம் ஊற்றிக்கொண்டிருக்கும்போது நாங்கள் உன் வீட்டு மொட்டைமாடிக்கு மேலேதான் பறந்திருப்போம்.

அந்தப் பையில்தான் வியன்னாவில் இருக்கும் என் தங்கை புஷ்பத்தின் புது வீட்டு அட்ரஸ் இருந்தது. பதினோரு வருஷமாய் நான் முகம் பார்க்காத தங்கை. அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு எங்களுக்கு டிக்கெட் எடுத்து அனுப்பியது அவளும் அவள் புருஷனும்தான். பழைய வீட்டைக் காலி செய்து இரண்டு மாசம்தான் ஆகிறது, புது அட்ரஸ் எழுதி வந்தது ஒரே ஒரு கடிதம். பம்பாயில் வேறு ஒன்றரை நாள் உட்காரவைத்தார்கள். வியன்னாவில் இறங்கியபோது வியாழன் சாயங்காலம். எந்த விமானம் என்று தெரியாமல் புஷ்பம் இரண்டு நாள் வந்து காத்திருந்து திரும்பிப் போயிருக்கிறாள். மறுநாள் அவர்களுக்கு ஏசு பண்டிகை, திங்கள் வரை ஆபீசெல்லாம் பூட்டு. அவள் புருஷன் ஆபீசும் பூட்டு, நம் நாட்டுக்காரர் ஆபீசும் பூட்டு. திறந்திருந்தது தந்தி ஆபீஸ் ஒன்றுதான். உன் அண்ணன் நாங்கள் தங்கிய ஓட்டல் பேரைப் போட்டு உனக்குத் தந்தி கொடுத்தார், பையைப் பிரித்து அட்ரசைத் தெரிவி என்று. சனிக்கிழமை உன் பதில் வந்தது. பயணப் பையைப் பிறத்தியார் பிரிக்கக் கூடாது, திரும்பி வந்து நீங்களே பிரிக்கவும், நலமா என்று. ஜெயபாரதி, நாலாயிரம் மைல் தாண்டி வந்து நிற்கிறவளிடம் நலமா என்று கேட்கிறாய்.

வேறென்ன செய்ய, ஊரைச் சுற்றினோம். ஊரைக் குறை சொல்ல மாட்டேன். டிராம் வண்டியில் படிக்கட்டில் ஒருவரும் தொங்குவதில்லை. காரே வராத ரோட்டில் சிவப்பு விளக்கு எரிகிறதென்று பத்துப் பேர் சும்மா நிற்கிறார்கள், எதற்கென்று கேட்டால் சிரிக்கிறார்கள். காப்பிக் கடையில் கறுப்புக் கோட்டுப் போட்டவர் மாப்பிள்ளை மாதிரி வந்து, வெள்ளித் தட்டில் காப்பியும் கூடவே ஒரு தம்ளர் தண்ணீரும் வைக்கிறார். ஒரு காப்பிக்கு இரண்டு மணி நேரம் உட்காரலாம், மாம்பலத்தில் மாதிரி ஈரத்துணியை நம் மூக்குக்கு நேரே உதற மாட்டார்கள். என் வயசுப் பொம்பளைகள் இறகு வைத்த தொப்பியோடு தனியாய் வந்து கேக் தின்றுகொண்டு ரோட்டைப் பார்க்கிறார்கள். இவர்கள் வீட்டில் உலை வைப்பது யார் என்பது இன்றைக்கு வரை எனக்குப் புரியவில்லை. மேஜைக்கு அடியில் ஒரு நாய் குரைக்காமல் படுத்திருந்தது, அதற்கும் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வந்தது. நாற்பத்திரண்டு வருஷமாய்க் கடை கடை என்று எனக்குப் பத்தடி முன்னாலே நடந்த உன் அண்ணன், அங்கே ரோடு தாண்டும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். தாண்டின பிறகும் விடவில்லை. இதை வைரவனிடம் சொல்லாதே.

எல்லாவற்றையும் பார்த்தேன், ஆனால் மனசு தங்கவில்லை. இதே ஊரில் ஏதோ ஒரு தெருவில் அவள் எனக்காகச் சமைத்து வைத்துக்கொண்டு இருக்கிறாள், நான் நாயைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். புதன்கிழமை திரும்ப டிக்கெட். அதற்குள் அவளைப் பார்க்காமலே போய்விடுவேனோ என்று ராத்திரி ராத்திரி பொட்டுத் தூக்கம் கிடையாது. திங்கள் நாலு மணிக்குக் காப்பிக் கடையில் உட்கார்ந்திருக்கிறோம், கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு கோட்டும் பூட்சுமாய் ஒருத்தி வருகிறாள், அடையாளம் தெரியவில்லை. நேரே வந்து, சின்ன வயசில் மாதிரியே என் தம்ளர் தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்த பிறகுதான் புஷ்பம் என்று தெரிந்தது.

"நாலு மணிக்குக் காப்பி இல்லாம நீ இருக்க மாட்டியேக்கா. மூணு நாளா ஒவ்வொரு காப்பிக் கடையா எட்டிப் பாத்துக்கிட்டு வாரேன்."

"ஏட்டி, தலையெல்லாம் நரைச்சுப்போச்சே" என்றேன். பதினோரு வருஷமாய்ச் சேர்த்து வைத்ததில் வாயில் வந்தது அதுதான். அவள் என் மடியில் தலையை வைத்துக்கொண்டாள், கறுப்புக் கோட்டுக்காரர் கேட்காமலே இன்னொரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். ஏழு நாள் இருப்போம் என்று போனவளுக்கு அவளோடு கிடைத்தது ஒன்றரை நாள். அம்மா கடைசியாய் என்ன சொன்னாள் என்று கேட்டாள், பாதிதான் சொல்லி முடித்தேன், மீதியைச் சொல்வதற்குள் விமானத்துக்கு நேரமாகிவிட்டது. இனி எந்தக் காலத்தில் சொல்ல.

ஆகையால் ஜெயபாரதி, இதில் உன் தப்பு எவ்வளவு என்று நீயே யோசித்துக்கொள். பையை வாங்கிவர வைரவனை அனுப்பியிருக்கிறேன். உன் மூட்டுவலிக்கு முடக்கத்தான் ரசம் வைத்துச் சாப்பிடு. மகமாயி உன்னை நோய் நொடியில்லாமல் வைக்கட்டும், உன் வீட்டுக்காரருக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
பேச்சியம்மாள்

பி.கு. வைரவன் பையைக் கொண்டுவந்துவிட்டான். நீ ஒரு முடிச்சைக்கூட அவிழ்க்கவில்லை, சத்தியமாய் நம்புகிறேன். பிரித்தேன். அப்பளம், வடகம், சீயக்காய்த் தூள். அட்ரஸ் இல்லை. வெளுக்கப் போட உன் அண்ணனுடைய கோட்டை உதறினால், உள்பையிலிருந்து அந்தக் கடிதம் விழுகிறது. பையில் வைத்தால் தொலைந்துவிடும் என்று, உன் வீட்டில் கொண்டுவந்து வைப்பதற்கு முன்னால் நானேதான் எடுத்து அங்கே வைத்தேன், இப்போது ஞாபகம் வருகிறது. அவர் அந்தக் கோட்டோடுதான் வியன்னா முழுக்க நடந்தார். ஆகவே மேலே எழுதியதில் ஊர் சமாசாரம் தவிர மற்றதெல்லாம் தள்ளுபடி. ஆனால் நீ அன்றைக்கே பையைப் பிரித்திருந்தால், அட்ரஸ் இதில் இல்லை என்று ஒரு தந்தி கொடுத்திருப்பாய். நாங்கள் சனிக்கிழமையே கோட்டைத் தேடியிருப்போம். அம்மா சொன்னதில் மீதியை நான் புஷ்பத்திடம் சொல்லி முடித்திருப்பேன். உன் அண்ணனை மன்னித்தாயிற்று, பம்பாய்க்காரர்களை மன்னித்தாயிற்று, என்னையும் ஒருவழியாய் மன்னித்துக்கொண்டேன். மன்னிக்கப் போவதில்லை என்று மிச்சம் இருப்பது ஒரே ஆள், ஜெயபாரதி.