ஹாஷிம் கொப்பிக்கட்டு கொண்ட காதை

இதனால், ஜனவரி பிறந்ததும் பணப்பையைத் திறக்கக் கைநடுங்கும் மலைநாட்டுப் பெற்றோர் யாவர்க்கும் முரசறைந்து அறிவிக்கப்படுவது யாதெனில்: முடிமன்னர் ஆட்சி மறைந்து இருநூறாண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னர், கண்டி மாநகர் மீண்டும் ஒரு மாபெரும் போரைக் கண்டது. அப்போரில் யானை இல்லை, குதிரை இல்லை, வேலும் வாளும் இல்லை. ஒரு குடை இருந்தது. அதற்கும் கம்பி உடைந்திருந்தது. ஆயினும் அதன் பெருமையைப் பாடாது விட்டால் தமிழுக்கு இழுக்கு வந்து சேரும் என்பதால் பாடத் துணிந்தோம்.

வாழ்க ஹாஷிம்! மடவளை ஈன்ற மாவீரன். பல்லேகலத் தொழிற்சாலை ஒன்றின் பண்டகசாலையைக் கண்ணிமைபோல் காப்பவன். ஆணிப் பெட்டியில் ஓர் ஆணி குறைந்தாலும் அன்று முழுதும் முகங்கறுத்துத் திரியும் கணக்குப்புலி. மறந்துபோய் எரியும் வாசல் விளக்கொன்றை அணைப்பதற்காகக் கொட்டும் மழையில் இறங்கி நனைந்து, அதனால் வந்த காய்ச்சலுக்கு அந்த மாதத்து மின்கட்டணத்தைவிட அதிகமாய் மருந்து வாங்கியவன். நாற்பத்தாறு வயதுத் தொந்தியையே கவசமாய்த் தாங்கி நிற்பவன். வாழ்க அவன் வலக்கரம்! அக்கரம் பற்றிய துணிப்பை வாழ்க! அப்பையினுள் நாலாய் மடிந்து கிடந்த பட்டியல்கள் இரண்டும் நீடு வாழ்க!

முதற் பட்டியல் மகள் நுஹாவின் பாடசாலை விதித்த சத்துணவுச் சாசனம். திங்களுக்குப் பயறு, செவ்வாய்க்குக் கரட், புதனுக்கு வல்லாரைச் சம்பலும் சோறும், வியாழனுக்குக் குரக்கன் ரொட்டி, வெள்ளிக்குக் கொய்யா என்று, கிழமைகளைக் கிரகங்கள் ஆள்வதுபோல் நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டிகளை அச்சாசனம் ஆண்டது. இரண்டாம் பட்டியல் கொப்பிப் பட்டியல். நூற்றிருபது பக்கக் கொப்பி ஆறு. அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை, தொழிற்சாலைக்கு லீவு போட்டுவிட்டு (அதனால் வருகைக் கொடுப்பனவு போயிற்று, வீரர்கள் அதையெல்லாம் கணக்கில் சேர்ப்பதில்லை) படைக்கோலம் பூண்டு நின்ற தலைவனிடம், மனைவி ஜஹானா நான்கு ஆயிரம் ரூபாத் தாள்களை நீட்டினாள்.

"நாலாயிரம் ஈக்கு. சாப்பாட்டுச் சாமானும் கொப்பி ஆறும் எடுங்க. மிஞ்சினா புள்ளைக்குக் கலர்ப் பெட்டி."

'மிஞ்சினா!' அந்த ஒரு சொல் தலைவன் நெஞ்சில் நச்சம்பாய்த் தைத்தது.

"வாப்பா," என்றாள் நுஹா, "இருபத்துநாலு கலர் ஈக்கிற பெட்டி. என்ட பெட்டில பச்சை முடிஞ்சி போச்சு. திங்கக்கிழமைக்குச் சத்துணவுப் படம் கீறிட்டு வரச் சொல்லி ஈக்கிறாங்க டீச்சர்."

பழைய பெட்டியை அவள் திறந்து காட்டினாள். ஏழு பென்சில்கள். சிவப்பும் மஞ்சளும் விரல்நகம் அளவுக்குத் தேய்ந்திருந்தன. பச்சையைக் காணவே இல்லை. நீலம் மட்டும் சீவாத புதுக்கோலாய் நெடிது நின்றது. நுஹாவுக்கு வானம் கீறுவதில் நாட்டமில்லை.

தலைவன் அவள் தலையில் கைவைத்து, "மகளே, இருபத்துநான்கு வண்ணமும் உன் காலடியில் கொணர்ந்து குவியேனாயின் மடவளை மண்ணை மீண்டும் மிதியேன்!" என்று சூளுரைத்தான். அதாவது, "சரி மகள், பாப்பம்" என்றான்.

இப்படையெடுப்புக்கு ஓர் உட்பகையும் உண்டு. ஜஹானாவின் தங்கை ஷஹ்மாவின் கணவன் நபீல், நம் தலைவனுக்குச் சகலன். இரண்டு ஒழுங்கை தள்ளிக் குடியிருக்கும் கோட்டைத் தலைவன். அவன் மகளும் நுஹாவும் ஒரே வகுப்பு. சென்ற நோன்புப் பெருநாளன்று, மாமனார் வீட்டில், பிரியாணிச் சஹன் தட்டைச் சுற்றி ஆறுபேர் அமர்ந்திருந்த அவையில், இறைச்சித் துண்டொன்றைத் தன் பக்கம் இழுத்தவாறே அவன் உரைத்த உரை இதுவாகும்: "மச்சானுக்குச் சாமான் வாங்கத் தெரியாது. கடைக்காரன் சொன்ன விலைய அப்படியே குடுப்பாரு." அவை சிரித்தது. மாமனார்கூடச் சிரித்தார். அன்று முதல் ஒன்பது மாதங்களாய் அந்தச் சிரிப்பு, காதில் புகுந்த எறும்பென ஹாஷிமுக்குள் ஊர்ந்துகொண்டே இருந்தது.

கண்டிச் சந்தையில் முதற் சமர் மூண்டது. எதிர்நின்றவள் பன்வில மலையிலிருந்து முதல் பஸ்ஸில் கீரைமூட்டையோடு இறங்கிய சுந்தரி. வல்லாரைக் கட்டொன்று எழுபது ரூபா என்றாள். ஹாஷிம் அறுபது என்றான். எழுபது என்ற கோட்டையை அறுபது என்ற ஆட்டுக்கடா முட்டியது, பின்வாங்கியது, மறுபடி முட்டியது. காகங்கள் வந்து பார்த்துச் சென்றன. கரட் வாங்க வந்தவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். கதிரவன் உச்சியை நோக்கி ஏற, வெயில் பட்ட வல்லாரை மெல்லத் தலைகவிழ்ந்தது.

"ஏன் நானா," என்று அண்ணன் முறை சொல்லிக் கேட்டாள் சுந்தரி கடைசியில், "பத்து ரூபாவுக்கு இம்புட்டு நேரமா நிப்பாங்க? இந்தக் கீரை வாடுனது வெயில்ல இல்ல, ஒங்க பேச்சுல. எடுத்துட்டுப் போங்க, அறுவது. இன்னும் கொஞ்சம் நின்னீங்கன்னா வேர் விட்டுருவீங்க, ஒங்களையும் கட்டி வித்துருவேன்."

வெற்றி! பத்து ரூபா! வாடிய கீரையை வாகைமாலையாய் ஏந்தித் தலைவன் நடந்தான். பயறு, கரட், குரக்கன் மா, கொய்யா எல்லாம் பையில் ஏறின. எஞ்சியது இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபா. கலர்ப் பெட்டி தொள்ளாயிரத்து ஐம்பது என்பதை வழியிலேயே விசாரித்துக்கொண்டான். கணக்கு அழகாய் நின்றது. அந்நேரம் வீடு திரும்பியிருந்தால் இக்காதையும் இல்லை, எமக்கு வேலையும் இல்லை.

ஆனால் ரிஸ்கானின் புத்தகக் கடைக்குள் அவன் காலடி வைத்தபோது, அங்கே, மேசைமீது ஒரு கையை ஊன்றி, நபீல் நின்றான்.

இரு களிறுகள் ஒரு சுனையில் சந்தித்தால் எப்படியோ, அப்படி. சுனையாவது, மேசைமீது கிடந்த ஒரே ஒரு கொப்பிக்கட்டு.

"புதுச் சரக்கு வந்திட்டு நானா, கொப்பி இருநூத்து நாப்பது," என்றான் ரிஸ்கான். "பழைய விலைக்கு இந்தக் கட்டு மட்டும்தான் மிச்சம். பன்னெண்டு கொப்பி. ஒண்டு நூத்துத் தொண்ணூறு."

இருவர் கையும் ஒரே கணத்தில் கட்டின்மேல் விழுந்தன. ஒரு முனையை ஒருவன் பற்றினான், மறுமுனையை மற்றவன் பற்றினான். கட்டுக்கயிறு வில்நாணென விம்மிற்று.

"ஒங்க ரெண்டு பேருக்கும் எத்தன வேணும்?" என்று கேட்டான் ரிஸ்கான்.

"ஆறு," என்றான் நபீல்.

"ஆறு," என்றான் ஹாஷிம்.

"பொறகென்ன? கட்ட ஒடச்சு ஆளுக்கு ஆறு தாரன்."

ஆறும் ஆறும் பன்னிரண்டு என்பதை முதலாம் வகுப்புப் பிள்ளையும் அறியும். பண்டகசாலையில் இருபதாண்டு எண்ணித் தேய்ந்த ஹாஷிமும் அறிவான். ஆனால் காதுக்குள் பெருநாள் எறும்பு கடித்தது. அவன் நெஞ்சு நிமிர்த்தி, "பங்கிட்ட வெற்றி பாதித் தோல்வி! பகைவனோடு பகிர்ந்துண்ணும் மலிவு எம் குலத்துக்கு மாசு! முழுக்கட்டும் எமதே!" என்று முழங்கினான். கடையில் நின்றவர்களுக்குக் கேட்டது, "ஒடைக்க வாணாம் ரிஸ்கான், முழுக்கட்டும் எனக்கு வேணும்" என்பது.

"அப்ப எனக்கும் முழுக்கட்டு வேணும்," என்றான் நபீல்.

அத்தருணம் பள்ளிவாசலிலிருந்து ஜும்ஆத் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு எழுந்தது. ரிஸ்கான் கட்டை இருவர் கையிலிருந்தும் உருவி மேசைக்கு உள்ளே வைத்தான். "கடையப் பூட்டப் போறன். தொழுதிட்டு வந்து முதல்ல நிக்கிற ஆளுக்குக் கட்டு." இரும்புக் கதவு இடிமுழக்கத்தோடு இறங்கியது.

ஜும்ஆவுக்கு முன்வரிசையில் இடம்பிடிக்க முந்துவதே நல்லோர் வழக்கம். அன்று இரு சகலன்மாரும் கடைசி வரிசைக்கு முந்தினர். வாசலுக்கு மிக அருகான இடம் அதுவே. ஹாஷிமின் தூணோரத்தில் வல்லாரை, வாசனை வீசி வாடியது. இமாம் அன்று உரையாற்றியது வீண்விரயம் பற்றி. தேவைக்கு மேல் வாங்கிக் குவிப்போரைப் பற்றி அவர் கூறுந்தோறும் ஹாஷிம் ஆமென்று தலையசைத்து நபீலைப் பார்த்தான். நபீலும் தலையசைத்து ஹாஷிமைப் பார்த்தான். தமக்குச் சொன்னதாக இருவரும் எடுத்துக்கொள்ளவில்லை. இறைவன் இருவரையும் மன்னிப்பானாக.

தொழுகை முடிந்தது. பின்சுன்னத் என்னும் உபரித் தொழுகையை வீட்டில் தொழலாம் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞானம் பிறந்தது. வாசலில், ஆயிரம் பாதரட்சைகள் கடலெனக் கிடக்க, அக்கடலில் குதித்தனர் இருவரும். இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அக்காளும் தங்கையுமான ஜஹானாவும் ஷஹ்மாவும், ஒரு சோடி வாங்கினால் மறு சோடி பாதி விலை என்ற தள்ளுபடியில் சேர்ந்து போய், இரு கணவருக்கும் ஒரே நிறத்தில் ஒரே மாதிரிச் செருப்பு வாங்கி, காசையும் பாதிப் பாதியாய்ப் பிரித்துக்கொண்டவர்கள். பெண்கள் அப்படித்தான், போர்க்கலை அறியார். விளைவாக, ஹாஷிம் தன் வலச் செருப்பையும் நபீலின் இடச் செருப்பையும் மாட்டிக்கொண்டு பாய்ந்தான். எஞ்சியதை நபீல் மாட்டினான்.

என்னே அவ்வோட்டம்! ஒரு கால் செருப்பு அளவாய்ப் பொருந்த, மறுகால் செருப்பு பெரிதாய்ப் பட்பட்டென்று பறையறைய, தொந்தி அலைபோல் எழுந்து விழ, துணிப்பையிலிருந்து கரட் ஒன்று தெறித்து முச்சக்கரவண்டியின் அடியில் மாண்டு போக, அதற்காக நின்று ஒரு துளிக் கண்ணீரும் சிந்தாமல், குடையை ஈட்டியாய் நீட்டி, மடவளை பஸ்ஸின் முகத்துக்கு நேரே வீதியைக் கடந்து, சாரதி வாயிலிருந்து வந்த சிங்களச் சொற்களை வாழ்த்தொலியாய் ஏற்று ஓடினான் ஹாஷிம். பின்னே, இறுகிய இடச் செருப்பில் நொண்டி நொண்டி நபீல் வந்தான். பிறகு நபீல் நின்றான். சுவரோரம் சாய்ந்து, தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, ஏதோ பேசினான், தலையாட்டினான், சிரித்தான்.

ஓடிக்கொண்டே திரும்பிப் பார்த்த தலைவன் அதைச் சரணாகதி என்று புரிந்துகொண்டான்.

தொழுதுவிட்டு வந்த ரிஸ்கான் தூக்கிய இரும்புக் கதவு பாதி உயர்ந்ததுமே குனிந்து உள்ளே நுழைந்தவன் ஹாஷிம். இரண்டாயிரத்து இருநூற்று எண்பது ரூபாவை மேசையில் அறைந்து, கட்டைத் தோளில் ஏற்றி, வெளியே வந்து வீதியின் இருபுறமும் நோக்கினான். பரணி பாட ஒரு புலவனும் இல்லை. ஒரு லொத்தர் சீட்டு விற்பவர் மட்டும் "நாளைக்கு இழுக்குற சீட்டு நானா" என்றார். எஞ்சிய இருநூற்று இருபதில் பஸ் காசு போக, கலர்ப் பெட்டியின் மூடிகூட வராது என்பது கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டும்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஆனால் ஒரு கொப்பிக்கு ஐம்பது ரூபா வீதம் அறுநூறு ரூபா மிச்சம் என்ற பேரெண் அவனைத் தாங்கி நின்றது. அந்த அறுநூறு எங்கே இருக்கிறது என்பதை மட்டும் அவன் தேடிப் பார்க்கவில்லை.

"எத்தன கொப்பி இது?" என்றாள் ஜஹானா வாசலில்.

"பன்னெண்டு. பழைய விலை!"

"ஆறு தானே எழுதித் தந்த?"

"மத்தது அடுத்த வருஷத்துக்கு."

"கலர்ப் பெட்டி?"

வீரகாவியங்களில் தலைவன் படைக்கலம் சாய்த்து உள்ளறைக்குள் பின்வாங்கும் இடங்கள் சில உண்டு. அவற்றுள் இது ஒன்று. நுஹா அருகில் வந்தாள். பையிலிருந்து வல்லாரைக் கட்டை எடுத்துப் பார்த்தாள், பார்த்துக் கீறுவதற்காக.

மாலை அஸர் தொழுகை முடிந்த பொழுதில் ஷஹ்மா வந்தாள். ஒரு கையில் ஹாஷிமின் இடச் செருப்பு. மறுகையில் மகள். மகள் கையில் இருபத்துநான்கு கலர்ப் பெட்டி. அதன் கண்ணாடித்தாள் உறையைத் திங்கட்கிழமை வகுப்பில்தான் பிரிப்பாளாம், அதுவரை எவரும் தொடக்கூடாதாம்.

"தாத்தா," என்றாள் ஷஹ்மா, அக்காளை அப்படித்தான் அழைப்பாள். "அவரு கொப்பி வாங்கல்ல. மச்சான் முழுக்கட்டுக்கும் ஓடுறாருன்னு போன் எடுத்தாரு. சரி, நீங்க நில்லுங்க, தாத்தாட வீட்ட ஆறு மிஞ்சும்தானே, அங்க எடுப்பம்னு சொன்னேன். அந்தக் காசுக்குத்தான் புள்ளைக்கு இது."

உள்ளறையிலிருந்து தலைவன் இதைக் கேட்டான். எழுந்தான். வாய் திறந்தான். வானதிர ஒரு வஞ்சினம் நாவின் நுனிவரை வந்தது. அதற்குள் கட்டுக்கயிறு அறுபடும் ஓசையும், ஜஹானா ஒன்று, ரெண்டு என்று ஆறுவரை எண்ணும் ஓசையும் கேட்டன. "காசெல்லாம் வாணாம்டி, எடுத்துட்டுப் போ," என்றாள் அவள்.

அப்போது நுஹா மேசையில் குனிந்து, வல்லாரைக்கு நீலக் கலர் அடித்துக்கொண்டிருந்தாள்.