வழக்கமான குழி

ஒரு காட்டில் சிங்கம் இருந்தது, புலி இருந்தது, அவற்றுக்கெல்லாம் வேறு கதைகள் இருக்கின்றன. நம் கதைக்கு வேண்டியது ஒரு குழி.

பொட்டல் மேட்டில் இருந்த அந்தக் குழியில்தான் ஆண்டுதோறும் ஆடி மாதம் மரம் நடுவிழா நடக்கும். வனத்துறை அமைச்சர் கரடியார் மேளதாளத்தோடு வருவார். ஒரு புங்கங்கன்றைக் குழியில் வைத்து, படம் பிடிக்கிற குரங்கைப் பார்த்துச் சிரித்தபடி ஒரு குவளை தண்ணீர் ஊற்றுவார். மறுநாள் காலையில் ஒரு காட்டாடு வந்து கன்றைத் தின்றுவிடும். அடுத்த ஆடிக்குக் குழி தயார். புதிதாக வெட்டுகிற வேலை மிச்சம் என்பதால் ஆட்டை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வருத்தப்பட்டது சடையாயி என்ற முள்ளம்பன்றி மட்டும்தான். அதன் வளை குழிக்குப் பக்கத்திலேயே இருந்தது. சித்திரை வெயிலில் வளை அடுப்பு மாதிரி கொதிக்கும். போன கோடையில் அதன் குட்டி சுருண்டு விழுந்து, பிழைத்ததே பெரும்பாடு. நிழல் இல்லாமல் இன்னொரு கோடையைக் குட்டி தாங்காது.

சடையாயி கொக்கு அதிகாரியிடம் போனது.

"ஐயா, நட்ட செடியக் கொஞ்சம் பாத்துக்கக் கூடாதா?"

"நடுறதுதாம்மா எங்க வேலை. வளக்குறது எந்த இலாகான்னு எழுதிக் கேட்டிருக்கோம். எழுதி ஆறு வருஷமாச்சு."

அங்கிருந்து எதிர்க்கட்சித் தலைவர் சிறுத்தையாரிடம் போனது.

"ஆடு தின்னட்டும்மா. தின்ன மறுநாளே கண்டன ஊர்வலம் போவோம். வருஷா வருஷம் போறோமே, நீ பாக்கலையா?" என்று அவர் அன்பாகத்தான் கேட்டார்.

இனி யாரை நம்புவது? அந்த ஆடியில் மேளம் திரும்பிப் போனதும் சடையாயி முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு கன்றைச் சுற்றி உட்கார்ந்துவிட்டது. காலையில் ஆடு வந்தது.

"என்னக்கா இது, எப்பவும் நான்தானே தின்னுறேன்?"

"இந்த வருஷம் வேற எங்கயாவது போய்த் தின்னு."

"அடுத்த விழாவுக்குக் குழி வேணாமா? இப்படிப் பொறுப்பில்லாம இருக்கியே." ஆட்டுக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாகிவிட்டது.

புங்கன் வேர் என்றால் முள்ளம்பன்றிக்கும் நாக்கில் நீர் ஊறும். சடையாயி பல்லைக் கடித்துக்கொண்டு, தினமும் ஓடையில் முழுக்குப் போட்டு வந்து வேரடியில் முள்ளில் தங்கிய தண்ணீரை உதறியது. கன்று பிழைத்தது. அந்தச் சித்திரையில் ஒரு குட்டி படுக்கிற அளவுக்கு நிழல் விழுந்தது.

அடுத்த ஆடியில் மேளம் வந்தது. குழியைக் காணோம்.

கொக்கு அதிகாரிக்கு வியர்த்துக் கொட்டியது. "அழைப்பிதழ்ல வழக்கமான குழின்னு அச்சடிச்சாச்சு. இதப் பிடுங்குங்கப்பா," என்று குரங்குகளை ஏவினார்.

"ஐயா, இதுவும் மரந்தானே?" என்று சடையாயி கெஞ்சியது.

"இது வளந்த மரம்மா. இன்னைக்கு மரம் நடுவிழா."

குரங்குகள் தண்டில் கைவைத்தன. குட்டி நிழலைவிட்டு நகரவே இல்லை. சடையாயிக்கு அழுதுகொண்டிருக்க நேரமில்லை. நேரே கரடியாரிடம் ஓடியது.

"ஐயா, போன வருஷம் நீங்க நட்ட மரம் இது. குழிய அவங்க ஆட்சியில வெட்டினாங்களாம், அதனால மரமும் அவங்களோடதுன்னு சிறுத்தையார் நாளைக்குக் கொடி கட்டப்போறாராம்."

கரடியாருக்கு மூக்கு விடைத்தது. "நான் நட்ட மரத்துல அவன் கொடியா? எவனும் தொடாதீங்க. வேலி போடு. பலகை மாட்டு."

சொன்ன பொய்யை மெய்யாக்க வேண்டுமே. அன்று மாலையே சடையாயி சிறுத்தையாரின் காதையும் கடித்தது. விடிந்ததும் அவர் கொடியும் பலகையுமாக வந்துவிட்டார்.

அதன்பிறகு புங்கனுக்கு ராஜவாழ்க்கைதான். காலையில் ஆளுங்கட்சித் தண்ணீர், மாலையில் எதிர்க்கட்சித் தண்ணீர். ஓர் இலை பழுத்தால் இரண்டு பக்கமும் அறிக்கை பறக்கும். விழாவுக்கு ஆற்றோரத்தில் புதுக்குழி வெட்டினார்கள். ஆடும் அங்கே மாறிக்கொண்டது.

கிளம்பும்போது ஆடு மரத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தது. "ரெண்டு பலகை இருக்கு. எதுலயும் உன் பேரு இல்லையேக்கா."

"என் பேரு இருந்திருந்தா இந்நேரம் விறகாகியிருக்கும்," என்ற சடையாயி, தூங்குகிற குட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு நிழலில் நீட்டிப் படுத்தது.

நீதி: நல்ல காரியம் ஒன்றைச் செய்துவிட்டால், அதை அமைச்சர் செய்ததாக அமைச்சரிடமே சொல்லிவிடு. எதிர்க்கட்சியிடம் சொல்ல மறந்துவிடாதே.