பேட்ஜ் இருந்தால்தான் கார்

பிட்டர் க்ரீக், இண்டியானா
நவம்பர் 2013, சனிக்கிழமை

அன்பு மைத்துனன் க்ளெமுக்கு,

உன் அக்கா புருஷன் ஹார்லன் எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் இங்கே நலம் என்று தொடங்குவதுதான் மரியாதை, தொடங்கிவிட்டேன். நீயும் லொரெட்டாவும் நாய்களும் நலமாக இருக்க வேண்டும் என்பது என் உண்மையான விருப்பம், அதில் கலப்படம் இல்லை. முதல் வாக்கியத்தில்தான் பாதி பொய். உன் அக்கா மார்வா நலம். நான் நலமில்லை. போனில் சொல்லியிருப்பேன், ஆனால் எங்கள் வீட்டு போன் சமையலறைச் சுவரில் இருக்கிறது, சமையலறையில் காவல்துறை இருக்கிறது.

இதற்கெல்லாம் மூலகாரணம் நீதான். போன வருஷத்துக்கு முந்திய வருஷ வசந்தத்தில், எவனோ ஒரு கைதியை எங்கள் கவுண்டி ஜெயிலில் ஒப்படைத்துவிட்டு, இல்லினாய்க்குத் திரும்பும் வழியில் சாப்பிட வந்தாயே, நினைவிருக்கிறதா? உன் ஷெரீஃப் ஆபீஸ் கொடுத்த புது கப்ரீஸ் போலீஸ் காரைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் நிறுத்தினாய். பார்த்தால் துக்க வீட்டுக்கு வந்த ஒன்றுவிட்ட சித்தப்பா மாதிரி இருந்தது. வெள்ளை நிறம், அலங்காரம் இல்லை, இரும்புச் சக்கரம். நீ என்ன செய்தாய்? இறைச்சி ரொட்டியை மென்றுகொண்டே, "அத்தான், உங்களுக்கும்தான் கொஞ்சம் சந்தோஷம் வேணாமா, சர்ச் மைதானம் காலியாத்தானே கெடக்கு, ஒரு சுத்து சுத்திட்டு வாங்க" என்று சாவியைத் தூக்கிப் போட்டாய். முப்பது வருஷம் உயர்நிலைப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். முப்பது வருஷமும் ஓட்டுகிற மாணவனுக்கு வலது பக்க சீட்டில் உட்கார்ந்து, எனக்கென்று தனியாக வைத்த பிரேக்கை மட்டுமே மிதித்து வாழ்ந்தவன். எனக்கு ஆக்ஸிலரேட்டர் கிடையாது, க்ளெம். அப்படிப்பட்டவனின் காலடியில் எட்டு சிலிண்டர் எஞ்சினையும் அதன் முழு பலத்தையும் வாங்கிப் பின்சக்கரத்தில் இறக்குகிற ஒரு வண்டியையும் கொண்டுவந்து வைத்தால் அவன் என்ன ஆவான்? மிதித்தேன். என் முதுகை யாரோ அன்போடு சீட்டில் அழுத்தியது போல் இருந்தது. சர்ச் என்னை நோக்கி ஓடி வந்தது. நீ வயிற்றைத் தட்டிக்கொண்டு, சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டாய்.

மறுநாளே டீலரிடம் போனேன். அங்கே விற்பனையாளனாக நின்றவன் ரஸ்டி, என்னிடம் ஓட்டக் கற்றவன், இன்றைக்கும் ரிவர்ஸ் எடுத்தால் குப்பைத்தொட்டியை இடிப்பவன். "சார், அது போலீஸுக்கு மட்டும்தான் சார். ஆஸ்திரேலியாவுல செஞ்சு கப்பல்ல வருது, ஆனா நம்மள மாதிரி ஆளுங்களுக்குக் கிடையாது" என்றான். "பணம் கொண்டாந்திருக்கேன் ரஸ்டி." "பணம் இருந்தா பத்தாது சார், பேட்ஜ் இருக்கணும்." பிறகு என்னைச் சமாதானப்படுத்த ஒரு ஊதா நிறக் குட்டிக் காரைக் காட்டினான்; அதில் காபிக் கோப்பை வைக்க ஆறு இடம் இருக்கிறதாம். நான் ஒரு கோப்பைக்கு மேல் குடிப்பதில்லை.

இந்த ஏக்கம் எனக்கு மட்டும் என்று நினைக்காதே. இன்டர்நெட்டில் எங்களைப் போன்றவர்கள் கூடுகிற இடம் ஒன்று இருக்கிறது. ஆரெகனில் ஒரு பல் டாக்டர், கார் கம்பெனிக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து தவறாமல் அனுப்புகிறார், அடியில் 'இந்த வருஷமாவது' என்று எழுதி. டெக்ஸஸில் ஒருவர் ஆஸ்திரேலியாவிலிருந்தே ஒன்றை வரவழைக்கப் பார்த்தார். ஸ்டியரிங் வலப்பக்கம், தப்பான பக்கம் என்று மனைவி தடுத்துவிட்டாள். "நமக்கு ஒரு நாலு கதவு, ஒரு பெரிய எஞ்சின், அவ்வளவுதானே கேட்டோம்?" என்று ஒருவர் எழுதுவார், இன்னொருவர் 'ஆமென்' என்று பதில் போடுவார். ஃப்ளோரிடாக்காரர் ஒருவர்தான் வேடிக்கையாக ஒருநாள் கேட்டார்: "போலீஸுக்குத்தானே விற்கிறார்கள், நாமே ஒரு போலீஸ் ஆரம்பித்தால் என்ன?" எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நான் ஊர் கவுன்சில் உறுப்பினர்.

எங்கள் ஊருக்குத் தனியாக ஒரு போலீஸ்காரர், அதாவது மார்ஷல், வைத்துக்கொள்ள உரிமை உண்டு, ஆனால் யாரும் வைத்ததில்லை. ஏனென்றால் இங்கே ஒன்றும் நடப்பதில்லை. அந்த இலையுதிர்காலத்தில் யாரோ டிராக்டரை விட்டு போர் நினைவுச்சின்னத்துப் பூச்செடிகளை நசுக்கினார்கள். கடவுள் அவனை ஆசீர்வதிக்கட்டும். அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று சட்டம், ஒழுங்கு, நம் பிள்ளைகளின் எதிர்காலம் என்று கண் கலங்கப் பேசினேன். தலைவி யூடோரா ஃபிஸ்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஹார்லன், இத்தனை வருஷமா நீ இந்த மேஜையில பேசினதெல்லாம் 'ஆமோதிக்கிறேன்'ங்கற ஒரே வார்த்தைதான். இன்னிக்கு உனக்கு யாரு தண்ணி ஊத்தினது?" என்றாள். ஆனாலும் தீர்மானம் நிறைவேறியது. ஒரு மார்ஷல், ஒரு கார். காரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எனக்கு. பத்து நொடியில் தேர்ந்தெடுத்தேன். அன்றைக்கே கவுன்சிலிலிருந்து ராஜினாமா செய்துவிட்டு மார்ஷல் வேலைக்கு மனு போட்டேன்.

இங்கேதான் விதி குறுக்கே வந்தது. ஒரே ஒருவர் மனு போட்டால் நியமனம் செல்லாதாம். போட்டிக்கு இன்னொரு ஆள் வேண்டுமாம். யாரும் வரவில்லை. நான் இரண்டு நாள் சாப்பிடாததைப் பார்த்து உன் அக்கா, "சரி, என் பேரையும் போட்டுக்கோ, கணக்குக்கு ஒரு தலை வேணும், அவ்வளவுதானே" என்றாள். எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்தேன். பரீட்சை நாளன்று எனக்கு சாண்ட்விச் கட்டிக்கொண்டு வந்தாள். முதலில் காலால் ஓடும் பரீட்சை. முதல் வளைவிலேயே நான் புல்லில் மல்லாந்து கிடந்து மேகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அக்கா என்னைத் தாண்டி ஓடினாள். மறுபடி தாண்டி ஓடினாள். பள்ளி உணவுக்கூடத்தில் காலமெல்லாம் சூப் அண்டாவைத் தூக்கிய கை அவளுடையது. தண்டால் எடுத்தபோது பரீட்சை வைத்த அதிகாரியே எண்ணுவதை மறந்துவிட்டார். வீட்டுக்கு வரும்போது கேட்டேன், "ஏன் மார்வா, நடுவுல நின்னிருக்கலாமே?" "நிக்கலாம்னுதான் நெனச்சேன், ஹார்லன். ஓட ஓட நல்லா இருந்துச்சு." பிறகு பயிற்சிக்குப் போனாள், பதவிப் பிரமாணம் எடுத்தாள், பேட்ஜ் குத்திக்கொண்டாள். வசந்தத்தில் கார் வந்தது. வெள்ளை. புதுசு. என் வாசலில். அவளுடையது.

பதவிப் பிரமாணம் எடுத்தவர் மட்டுமே ஓட்ட வேண்டும் என்று விதி. "சர்ச் மைதானத்துல ஒரே ஒரு சுத்து, மார்வா" என்று கெஞ்சினேன். "அது ஊர் வண்டி, ஹார்லன். உன் ஆசைக்கு ஊர் வண்டியா?" என்றாள். அதை நான் கழுவலாம். கழுவுகிறேன். சக்கரத்தின் இடுக்கை பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்கிறேன். காலையில் அவள் கிளப்பும்போது ஜன்னலண்டை நின்று அந்தச் சத்தத்தைக் கேட்கிறேன், அப்புறம் காபி ஆறிப்போய்விடுகிறது. இதைவிடக் கொடுமை, அவள் அதை ஓட்டும் விதம்! மடியில் பிறந்தநாள் கேக் இருப்பதுபோல் ஓட்டுகிறாள். அத்தனை குதிரைகளையும் கட்டிப்போட்டுவிட்டுக் கழுதை நடையில் போகிறாள்.

போன செவ்வாய்க்கிழமை தானியக் கிடங்கு வளைவில் என் பழைய வேனைக் கொஞ்சம் அழுத்தினேன். பின்னால் சைரன். உன் அக்கா நிதானமாக இறங்கி வந்தாள். "லைசென்ஸ்." "மார்வா, அது வீட்ல உன் கைப்பையில கெடக்கு." "லைசென்ஸ் இல்லாம ஓட்டினீங்களா, சார்?" 'சார்' என்றாள், க்ளெம், நாற்பது வருஷக் குடித்தனத்தில். வேனைப் பூட்டச் சொல்லி, என்னைக் கப்ரீஸின் பின்சீட்டில் ஏற்றினாள். வழுக்கும் பிளாஸ்டிக் சீட்டு, முன்னால் கம்பி வலை, கதவில் கைப்பிடி கூட இல்லை. அப்போது ரேடியோ அலறியது: பன்றி ஏற்றிய லாரி நெடுஞ்சாலையில் கவிழ்ந்து பன்றிகள் ரோடு முழுக்க, பின்னால் பள்ளி பஸ் வேறு வந்துகொண்டிருக்கிறது. மார்வா மிதித்தாள். நான் அந்த பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டேன். சோளக்காடுகள் இரண்டு பக்கமும் கரைந்து ஓடின, அந்த எஞ்சின் வயிற்றுக்குள் இறங்கிப் பாடியது, பஸ் வருவதற்குள் ரோட்டை மறித்துவிட்டாள். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்காக அல்ல, யாருக்காகவும் அல்ல. அந்தச் சிரிப்பை நான் பார்த்ததே இல்லை. பிறகு இறங்கிப் பன்றிகளைத் துரத்தப் போனாள். உள்ளிருந்து கதவைத் திறக்க முடியாமல் நான் கடைசிப் பன்றி பிடிபடும்வரை அங்கேயே இருந்தேன்.

ஆகவே க்ளெம், உன்னிடம் ஒரே ஒரு வேண்டுகோள். நீ சொன்னால் உன் அக்கா கேட்பாள். இந்த வேலை ஆபத்தானது, வயதுக்கு ஒவ்வாது, விட்டுவிடு என்று அவளுக்கு எடுத்துச் சொல். இடம் காலியானால் நான் மறுபடி மனு போடுவேன். இப்போது தபால்பெட்டிவரை நிற்காமல் ஓடுகிறேன்.

லொரெட்டாவுக்கு என் அன்பு. உன் முதுகுவலி தீரட்டும், உன் சாலைகள் காலியாக இருக்கட்டும், கர்த்தர் உங்களைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
ஏக்கத்தில் மெலிந்த உன் அத்தான்
ஹார்லன் ஃபீகல்

பி.கு: உறையை ஒட்டும்போது மார்வா சாப்பிடக் கூப்பிட வந்துவிட்டாள். "என் தம்பிகிட்ட என்ன கோள் மூட்டறே? படி பாப்போம்" என்றாள். முழுவதும் படித்தேன். சூப்பைக் குடித்து முடித்தாள். பிறகு யூடோராவுக்குப் போன் போட்டு என்னவோ கேட்டாள், அந்தப் பக்கம் யூடோரா சிரிப்பது எனக்கே கேட்டது. சாவியை மேஜைமேல் வைத்தாள். "கவுன்சில் அனுமதி. ஒரே ஒரு தடவை. பக்கத்துல நான் உக்காருவேன்." அறுவடை முடிந்த காடுகளுக்கு நடுவில் அந்த நேர் ரோட்டில் ஓட்டினேன், க்ளெம். நான் கனவு கண்டதில் ஒரு குறையும் இல்லை. திரும்பி வந்து சாவியைக் கொடுத்தபோது அவள் சொன்னாள், "உனக்கு இவ்ளோ ஆசைன்னா நான் வேலைய விட்டுடறேன், ஹார்லன். நெஜமாத்தான் சொல்றேன்." அவள் முகத்தைப் பார்த்தேன். பன்றிகள் தினத்தன்று கண்ணாடியில் பார்த்த அந்தச் சிரித்த முகம் அதற்குள் எங்கேயோ ஒளிந்துகொள்ளத் தொடங்கியிருந்தது. ஆகவே மேலே 'விட்டுவிடு' என்று எழுதியிருக்கும் இடத்தில் 'விடாதே' என்று மாற்றிப் படித்துக்கொண்டு, இன்றே அவளைக் கூப்பிட்டுப் பேசு. அப்படியே, உங்கள் பக்கம் இன்னும் மார்ஷல் இல்லாத சின்ன ஊர் ஏதாவது இருந்தால் எனக்கு மட்டும் எழுது.