மேற்படி காரில் இருந்தது என் மனைவிதான்

திருவண்ணாமலை,
12-3-83

சென்ற செவ்வாய்க்கிழமை வரை சம்பந்தியாக இருந்தவரும், இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் மறுபடி சம்பந்தியாகப் போகிறவருமான ஆரணி உயர்திரு பரசுராமன் அவர்களுக்கு, பத்திரப்பதிவு அலுவலக ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் வே. தசரதன் பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

அண்ணாமலையார் கிருபையால் இங்கே நான், என் மனைவி உண்ணாமலை, மகள் சந்திரகலா மூவரும் சௌக்கியம். காருக்கு மட்டும் ரேடியேட்டர் ஒழுகுகிறது. அங்கே தாங்களும் ராஜம்மாள் அம்மையாரும் பூரண ஆரோக்கியத்துடன் இருக்கவும், தங்கள் கோபம் மட்டும் சற்றுக் கம்மியாக இருக்கவும் வேண்டிக்கொள்கிறேன்.

நிற்க. செவ்வாய்க்கிழமை தரகர் அப்பாசாமி எங்கள் வீட்டுக்கு வந்து காபி வேண்டாம் என்று சொன்னபோதே ஏதோ கோளாறு என்று தெரிந்துவிட்டது. அவர் காபி வேண்டாம் என்று சொல்லி இந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. பையிலிருந்து ஒரு பேப்பர் துண்டை எடுத்து என் முன்னால் வைத்து, "இன்னாங்க இது, அறுபது வயசுல" என்றார். மெட்ராஸ் பத்திரிகை ஒன்றில் வந்த போட்டோ. மாப்பிள்ளை அழைப்புக் காரில் நான் ரோஜா மாலையோடு உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, தலையில் பட்டுத் துணி கட்டிக்கொண்டு, கழுத்தில் மாலையுடன் ஒரு பெண். அடியில் 'பழைய காரில் புது ஜோடி' என்று அச்சடித்திருந்தார்கள். கல்யாணத்துக்குப் பெண்ணை வைத்துக்கொண்டு தானே இரண்டாந்தாரம் கட்டிக்கொண்டவன் வீட்டில் சம்பந்தம் செய்வதற்கில்லை என்று தாங்கள் சொல்லியனுப்பியதாக அப்பாசாமி சொன்னார். என் பெயரைச் சொல்லும்போது கொஞ்சம் சிரித்தார். தசரதன் என்று பெயர் வைத்தது என் தாத்தா. பெயருக்கேற்ற காரியம் எதையும் நான் இதுவரை செய்ததில்லை.

ஆகவே இதன்மூலம் தெரிவிப்பது யாதெனில், மேற்படி போட்டோவில் மேற்படி காரில் மேற்படி மாலையுடன் இருப்பது, 1951ஆம் வருடம் போளூரில் ஊரறிய நான் தாலி கட்டிய மேற்படி உண்ணாமலையேதான். அன்றிலிருந்து இன்றுவரை என் மேல் எந்த வில்லங்கமும் இல்லை. எத்தனையோ பேருக்கு வில்லங்கச் சான்று எழுதிக் கொடுத்த கையாலேயே இதையும் எழுதுகிறேன்.

எப்படி இப்படி ஆயிற்று என்று கேட்பீர்கள். ரிடையரானதும் நான் மலையைச் சுற்றிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். விதி யாரை விட்டது. தேரடித் தெருவில் பேண்டு செட் வைத்திருந்தவர் கடையை மூடும்போது அவருடைய திறந்த காரை வாங்கிவிட்டேன். 1934ஆம் வருஷத்து வண்டி, கூரை கிடையாது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் முப்பது வருஷமாக மாப்பிள்ளை அழைப்பு என்றால் அந்தக் கார்தான். தாங்களே ராஜம்மாள் அம்மையாரைக் கைப்பிடிக்க அதில்தான் ஊர்வலம் போனீர்கள் என்று அப்பாசாமி சொல்லியிருக்கிறார். நாதஸ்வரக்காரருக்குப் பின்னால் நடை வேகத்தில் போயே பழகியதால், முதல் கியரைத் தவிர மற்ற கியரெல்லாம் அதில் இன்னும் புத்தம் புதிதாக இருக்கின்றன. எண்ணெய் மில் ஆதிமூலத்திடமும் ஒரு பழைய கார் இருந்தது. இரண்டு கார் சேர்ந்தால் சங்கம்தானே. 'அருணை புராதனக் கார் சங்கம்' என்று பதிவு செய்தோம். பதிவு செய்வது எனக்குக் கைவந்த கலை. நான் தலைவர், அவர் செயலாளர், உறுப்பினர் என்று யாரும் கிடையாது. பழைய கார்களை ஊர் ஊராக ஓட்டிக்கொண்டு போய் மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, நல்ல காருக்குக் கப்பு கொடுக்கிறார்களாம், அதற்கு ராலி என்று பெயராம். கார்த்திகையிலிருந்து மாசி வரை எல்லா ராலிக்கும் போவதென்று தீர்மானம் போட்டோம்.

இந்த இடத்தில்தான் காசி என்ற சனியன் உள்ளே நுழைந்தது. தாங்கள் ஐப்பசியில் வந்து சந்திரகலாவைப் பார்த்து, ஜாதகம் பேசி, தம்பி சகாதேவனுக்குச் செங்கத்தில் வேலை ஜாஸ்தி என்று போட்டோவை மட்டும் கொடுத்துவிட்டுப் போனீர்கள் அல்லவா, அதற்கு அடுத்த மாதம். தீபக் கூட்டம் கலைந்த பிறகு ஒருநாள் கார் பெரிய தெருவில் மக்கர் செய்து நின்றுவிட்டது. கறுப்புக் கண்ணாடி, மீசை, கழுத்தில் மப்ளர் சகிதம் ஒருவன் வந்து, "தள்ளுங்க ஐயா, நான் பாக்குறேன்" என்று இன்ஜினைத் திறந்து என்னவோ ஊதினான். கார் கிளம்பிவிட்டது. வீடு வரை ஓட்டிவந்தவன், அடுத்த சனிக்கிழமையும் வந்தான். சங்கத்தின் ஒரே உறுப்பினர் ஆனான். ஏன்டா வீட்டுக்குள்ளேயும் கண்ணாடி என்று கேட்டால், "மெட்ராஸ் ஐங்க ஐயா" என்றான். நான் எத்தனையோ மெட்ராஸ் ஐ பார்த்திருக்கிறேன், நாலு மாதம் நீடித்த மெட்ராஸ் ஐயை இப்போதுதான் பார்க்கிறேன். அதுவும் வார நாளில் வேறெங்கோ இருந்துவிட்டு, சனி ஞாயிறு மட்டும் எங்கள் வீட்டுக்கு வரும். கண்ணில் வைக்க நந்தியாவட்டைப் பூ நல்லது என்று உண்ணாமலை சொல்ல, சந்திரகலா வாராவாரம் கொல்லையிலிருந்து பூப்பறித்து வாழையிலையில் வைத்துக் கொடுப்பாள். இரக்க குணம் உள்ள பெண். பூ கொடுக்கவே அரை மணி நேரம் ஆகும், அவ்வளவு பார்த்துப் பார்த்துக் கொடுப்பாள். நமக்கும் தொற்றிக்கொள்ளப் போகிறது என்று பயந்து உண்ணாமலை கடைக்குப் போய்த் தனக்கொரு கறுப்புக் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டாள். இதைத் தாங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். எல்லா வினைக்கும் வித்து இந்தக் கண்ணாடிதான்.

முதல் ராலி வேலூர் கோட்டை மைதானம். விடியற்காலையில் கிளம்பினோம். கண்ணமங்கலம் தாண்டுமுன் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் கூட்டமாக நின்றவர்கள் எங்கள் காரைப் பார்த்ததும், "வந்துடுச்சிப்பா வண்டி" என்று ஓடிவந்து, நான் வாய் திறப்பதற்குள் ஒரு மாப்பிள்ளையைத் தூக்கி என் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டார்கள். அவர்கள் பேசிவைத்த வண்டி வரவில்லையாம். இறக்கிவிடுடா என்றால் காசி, "பாவங்க ஐயா, கல்யாணம் ஆவணும்னு எவ்ளோ ஆசையா உக்காந்துகினு இருக்காரு பாருங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். பேண்டு வாசிக்க ஆரம்பித்ததும் கார் தானாகவே ஊர்வலத்தில் சேர்ந்துகொண்டது போலிருந்தது. எனக்கும் ஒரு மாலை போட்டுச் சாப்பாடும் போட்டார்கள். வேலூர் போய்ச் சேர்ந்தபோது மைதானத்தில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆதிமூலம் மட்டும் ஆறுதல் பரிசாக ஒரு பிளாஸ்டிக் குடம் வாங்கி வைத்திருந்தார்.

மார்கழியில் கார் கிளம்பவே இல்லை. முகூர்த்தம் இல்லாத மாதம் அதற்கும் தெரிந்திருக்கிறது. தை மாதம் பாண்டிச்சேரி. அன்றைக்கு இரட்டைப் பிள்ளையார் கோயில் முன்னால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, தலைவர் என்பதால் எனக்கொரு ஆள் உயர மாலையும் போட்டார் ஆதிமூலம். கழற்றப் போனேன். "பாண்டி போற வரைக்கும் கழட்டாதீங்க ஐயா, சகுனம்" என்றான் காசி. கீழ்பென்னாத்தூருக்குள் நுழைந்தோம். அந்த ஊரில் பாதிப் பேர் அந்தக் காரில் ஏறித்தான் குடும்பஸ்தர் ஆனவர்கள். கார் வருகிறது, பின் சீட்டில் மாலை போட்டுக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருக்கிறான், வேறென்ன நினைப்பார்கள். தங்கம்மாள் என்ற ஒரு அம்மாள் ஆரத்தித் தட்டோடு வந்து மறித்தார். காசி பயபக்தியோடு நிறுத்தினான். அந்த அம்மாள் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு என் முகத்தை உற்றுப் பார்த்து, "மாப்ள கொஞ்சம் முத்தலா கீறாரே, பொண்ணு எங்கப்பா" என்று கேட்டார். இந்தப் பயல் கூசாமல், "பொண்ணு பின்னால வேன்ல வருது" என்றான். கட்டுச்சோற்று மூட்டையோடு பின்னால் வாடகை வேனில் வந்தது உண்ணாமலை. தெருவே வேனைச் சூழ்ந்துகொண்டு உள்ளே எட்டிப் பார்த்ததும் அவள் இறங்கி வந்தாள். கறுப்புக் கண்ணாடி வழியாகவே கோபம் தெரிந்தது. "தனியா உட்டா ஊர் ஊராக் கட்டி வச்சிடுவாங்க போல. நவுருங்க, நான் இங்கதான் வருவேன்" என்று என் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். எனக்கு எடுத்த ஆரத்தியை அவளுக்கும் எடுத்து, தெருக்கோடி வரை குலவை போட்டு அனுப்பினார்கள். இதுதான் நான் செய்துகொண்ட இரண்டாவது கல்யாணம்.

ஏறியவள் பிறகு இறங்கவில்லை. மாசியில் மெட்ராஸ் ராலிக்கும் அதே இடம், அதே கண்ணாடி. காற்றில் தலை கலைகிறது என்று ஒரு பட்டுத் துணியும் கட்டிக்கொண்டாள். தீவுத்திடலுக்குள் நுழையும்போது நாங்கள்தான் கடைசி. அங்கே வெள்ளைக்காரர் காலத்துக் கார்களெல்லாம் கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டு நின்றன, எங்கள் ரேடியேட்டரிலிருந்து அபிஷேகம் போல் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. தொலைதூரத்திலிருந்து முதல் கியரிலேயே வந்த கார் என்று ஒரு கப்பு கொடுத்து, இரண்டு பேருக்கும் மாலை போட்டார்கள். போட்டோக்காரர் வந்தார். "கொஞ்சம் நெருங்கி உக்காருங்க சார்" என்று சொன்னதும் அவர் இல்லை, இந்தக் காசிதான். அந்தப் போட்டோதான் அப்பாசாமி கொண்டுவந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டுகிறானே ஒருவன், அவன்தான் அந்தக் கிரகசாரம்.

அவனைப் பெற்ற மகானுபாவர் யாரோ, எந்த ஊரோ, எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று சொல்வேன். பிள்ளையை வளர்க்கத் தெரியாத மனிதர். இருபத்தேழு வயசுப் பிள்ளை வாராவாரம் எந்த ஊரில் யார் வீட்டில் கேசரி தின்கிறான் என்று கேட்க ஒரு தகப்பன் வேண்டாமா. நேரில் பார்த்தால் அந்த ஆளை நாலு கேள்வி நறுக்கென்று கேட்டிருப்பேன்.

போகட்டும். வீட்டில் எனக்கு ஆதரவு இல்லை. பேப்பர் துண்டைக் காட்டினால் உண்ணாமலை, "உங்க சம்பந்தி என்னைப் புதுப் பொண்ணுன்னா நெனைச்சிட்டாரு" என்று வெட்கப்படுகிறாள். அந்தப் பேப்பரில் ஐந்து பிரதி வாங்கி, ஒன்றைப் பூஜை அறையில் வைத்திருக்கிறாள். மறுத்து எழுத வேண்டாம், இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்கிறாள். சந்திரகலாவிடம் சம்பந்தம் நின்றுபோன செய்தியை எப்படிச் சொல்வது என்று நான் தவித்துச் சொன்னால், அவள் அழவில்லை. "நின்னுச்சா இல்லையான்னு யாருக்குப்பா தெரியும்" என்று சொல்லிவிட்டு நந்தியாவட்டைக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டாள். எனக்குத்தான் தூக்கம் இல்லை. ஒரே மகள். தங்கள் வீடுதான் என்று மனசில் ஏறிவிட்டது. தம்பியின் போட்டோவை அலமாரியில் வைத்துத் தினம் பார்த்து, பார்த்ததும் ஒரு நிம்மதியோடு போய் உட்காருவேன். இப்போது அந்த அலமாரிப் பக்கமே போக முடியவில்லை. என் ஆசைக்கு ஒரு கார் வாங்கி, என் மகளின் வாழ்க்கையை அதன் சக்கரத்தில் வைத்துவிட்டேனே என்று இருக்கிறது.

ஆகவே இன்று காலை காசியைச் சங்கத்திலிருந்து நீக்கி, இனி வாசற்படி மிதிக்காதே என்று சொல்லிவிட்டேன். காரைத் தார்ப்பாய் போட்டு மூடியாகிவிட்டது, திங்கட்கிழமை இரும்புக் கடைக்குப் போகிறது. சந்திரகலாவின் கழுத்தில் மாலை ஏறும்வரை என் கழுத்தில் மாலை ஏறாது. இது சத்தியம். தாங்கள் மனமிரங்கி ஒரு வரி எழுதினால் போதும்.

ராஜம்மாள் அம்மையாருக்கு எங்கள் வணக்கம். தம்பி சகாதேவனுக்கு என் பரிபூரண ஆசீர்வாதம். மீசைகூட இல்லாத அந்த அடக்கமான முகத்தைப் பார்த்து, காசி போன்ற பயல்கள் நாலு நல்ல விஷயம் கற்றுக்கொள்ள வேண்டும். பதினாறும் பெற்று நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
எந்த வில்லங்கமும் இல்லாத,
வே. தசரதன்

பி.கு: கடிதத்தை ஒட்டப் போகும் நேரத்தில் காசி வாசலில் வந்து நின்றான். நின்றார். கண்ணாடி இல்லை. மீசையை எடுத்திருந்தார். உண்ணாமலை அவரைப் பார்த்தாள், அலமாரியைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள், "அடப்பாவி, வா உள்ள" என்றாள். "பொண்ணைப் பாக்காம எப்படி மாமா கட்டிக்கிறது, அதான் ஒரு தடவ பாத்துட்டுப் போலாம்னு வந்தேன், தெருவுல உங்க வண்டி நின்னுடுச்சி" என்றார். காசி என்பது தம்பி சகாதேவனுக்குத் தங்கள் வீட்டில் கூப்பிடும் பெயராமே. எனக்கு யாரும் சொல்லவில்லை. சந்திரகலாவுக்கு இரண்டாவது வாரமே தெரியுமாம். வேறு கடிதம் எழுதுகிறேன் என்றால் உண்ணாமலை, "அப்படியே போவட்டும், பெத்தவரும் படிக்கட்டும்" என்று பிடுங்கி வைத்துக்கொண்டாள். எனவே சனியன், பயல், கிரகசாரம் ஆகிய சொற்களையும், பிள்ளையை வளர்க்கத் தெரியாத மனிதர் என்று ஆரம்பிக்கும் பகுதி முழுவதையும் தயவுசெய்து தாங்களே அடித்துவிட்டு வாசிக்கவும். அந்தப் பேப்பர் துண்டையும் இத்துடன் வைத்திருக்கிறேன், இன்னொரு தரம் எடுத்துப் பாருங்கள். பின் சீட்டில் இருக்கும் எங்களை விடுங்கள். ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பது யார் என்று பாருங்கள். தார்ப்பாயை எடுத்தாகிவிட்டது. வருகிற 20ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நால்வரும் அதே காரில் ஆரணிக்குக் கிளம்புகிறோம், முதல் கியர் என்பதால் சாயங்காலம் ஆகும். போளூர் வழியில் யாராவது மாலை போட்டால் வாங்கிக்கொள்வதென்று முடிவு. அம்மையாரை ஆரத்தி கரைத்து வைக்கச் சொல்லுங்கள், மாப்பிள்ளைதான் ஓட்டிக்கொண்டு வருகிறார்.