பந்து மிதந்தால் கொழும்பு

ஞாயிற்றுக்கிழமையானால் நாகலாபுரம் பஸ்ஸில் கால் வைக்க இடம் கிடைக்காது. பஸ் இல்லாத ஊர்க்காரர்கள் லோடு ஆட்டோவில் வந்தார்கள். காரில் வந்தவர்கள் நிறுத்த இடமில்லாமல் உளுந்து விதைத்த காட்டுக்குள் காரை விட்டார்கள். காட்டுக்காரர் கோபப்படவில்லை. அவரும் வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தார்.

எல்லாரும் பார்க்க வந்தது முட்டைச் சாமியை. பெயர் இசக்கிதுரை. கடலோரமாகப் பத்து வருசம் தவம் இருந்துவிட்டு வந்ததாகச் சொல்லிக்கொண்டார். வாய் அகன்ற பித்தளைக் குடத்தில் மஞ்சள் தண்ணீர் இருக்கும். அதில் முட்டையைப் போடுவார். மிதந்தால் காரியம் ஜெயம். முங்கினால் தோஷம். தோஷத்துக்குப் பரிகாரம் உண்டு. பரிகாரம் செய்துவிட்டு வந்தால் அதே முட்டை வேறொரு குடத்தில் வாத்து மாதிரி மிதக்கும். கல்யாணம், கோர்ட்டு கேஸ், போர் போடுவது, பிளஸ் டூ ரிசல்ட் எல்லாவற்றுக்கும் முட்டைதான். கோழிக்கே தெரியாத சங்கதியெல்லாம் முட்டைக்குத் தெரிந்திருந்தது.

அந்தக் குடத்துத் தண்ணீர் மட்டும் யார் நாக்கிலும் படக்கூடாது. பூசை முடிந்ததும் பக்கத்து வேப்பமரத்து மூட்டில் ஊற்றிவிடுவார்கள். மரம் போன வருசமே பட்டுப்போய்விட்டது. ஊரார் தோஷத்தையெல்லாம் மரம் வாங்கிக்கொண்டது என்றார் சாமி. ஜனங்கள் மரத்துக்கும் ஒரு சேலை கட்டிவிட்டார்கள்.

இந்தச் சாமியிடம்தான் கோவில்பட்டி சுந்தரபாண்டியன் கோல்ஃப் பந்தோடு போய்ச் சேர்ந்தார்.

சுந்தரபாண்டியனுக்குச் சொந்தமாகத் தீப்பெட்டி ஆபீஸ், இருநூறு பேருக்கு வேலை. தங்கமான மனுசர். ஒரே குறை, யாரிடமும் 'முடியாது' என்று சொல்ல வராது. ஓட்டலில் இட்லியா தோசையா என்று கேட்டால்கூட சப்ளையர் முகத்தைத்தான் பார்ப்பார்.

நாலு தீப்பெட்டி முதலாளிகளும் ரெண்டு பட்டாசு முதலாளிகளும் சேர்ந்து எட்டயபுரம் ரோட்டில் கரிசல் காட்டை வாங்கி, ஒன்பது குழி வெட்டி, கோல்ஃப் மைதானம் போட்டிருந்தார்கள். கோடை வந்ததும் கரிசல் தானாகவே இன்னும் ஒன்பதாயிரம் வெடிப்பு விட்டது. மழை பெய்தால் பந்து மட்டுமல்ல, அடித்தவர் செருப்பும் கிடைக்காது. ஆனாலும் ஆடினார்கள். ஆடி ஆடி ஒருநாள் இலங்கைத் தேயிலை வியாபாரிகளிடமிருந்து அழைப்பு வந்தது. கொழும்பில் போட்டி, பக்கத்துக்குப் பன்னிரண்டு பேர். பத்துப் பேர் புள்ளிப் பட்டியல்படி வருவார்கள். மீதி ரெண்டு பேரைக் கேப்டன் தன் விருப்பப்படி எடுக்கலாம்.

யாரோடும் சண்டையில்லாத ஆள் வேண்டும் என்று சுந்தரபாண்டியனைக் கேப்டனாக்கினார்கள். அன்றோடு அவருக்குத் தூக்கம் போனது.

ரெண்டு இடத்துக்கு மூணு பேர் நின்றார்கள். முதல் ஆள் அவர் மச்சான் ஹரிஹரசுதன். பந்தை அடித்தால் பந்தைத் தவிர மற்றதெல்லாம் பறக்கும். ரெண்டாவது நந்தகோபால், சுமாராக ஆடுவார். சுந்தரபாண்டியனின் தீப்பெட்டி பண்டலில் பாதியை எடுப்பது அவர்தான். மூணாவது செல்வமாரி. இடைசெவல் ஊர்ப் பெண் பிள்ளை, இருபத்தாறு வயசு, சுந்தரபாண்டியன் ஆபீஸிலேயே தீக்குச்சி மருந்து கலக்கும் பிரிவில் கெமிஸ்ட். கல்லூரியில் ஹாக்கி ஆடிய கை. மட்டையைப் பிடித்து ஆறு மாசம்தான் ஆகிறது, அதனால் புள்ளிப் பட்டியலில் ஏற முடியவில்லை. ஆனால் பட்டியலில் இருந்த பத்துப் பேரில் ஏழு பேர் அவளிடம் தோற்றவர்கள்.

கேப்டனுக்கு யாரை எடுக்கவேண்டும் என்று தெரியும். அதுதான் கஷ்டமே.

"எங்க அண்ணன் பேரு லிஸ்ட்ல இல்லன்னா நான் எந்த மூஞ்சியோட அம்மா வீட்டுக்குப் போவேன்?" என்றாள் மனைவி உமாதேவி. நந்தகோபால் ஒன்றும் கேட்கவில்லை. அந்த வாரம் வரவேண்டிய லாரியை மட்டும் அனுப்பவில்லை.

மச்சானே வழியும் சொன்னார். "மாப்ள, நீ எதுக்கு மண்டையப் போட்டு உடைக்கே? முட்டைச் சாமி சொல்லட்டும். அவிய சொன்னா உம்மேல எவனும் வருத்தப்பட முடியாதுல்லா."

சுந்தரபாண்டியனுக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. சாமி மேல் அவருக்குப் பெரிய நம்பிக்கையெல்லாம் இல்லை. பழியைத் தூக்கிக்கொள்ள ஒரு தலை கிடைத்ததே என்ற சந்தோசம்தான்.

ஞாயிற்றுக்கிழமை மைதானமே திரண்டு நாகலாபுரம் போனது. மச்சான் முந்தின நாளே சாமிக்குக் காணிக்கையாக ஒரு ஏசி இறக்கியிருந்தார். நந்தகோபால் புது மோட்டார் பைக் நிறுத்தியிருந்தார். செல்வமாரி கொண்டுவந்தது ரெண்டு எலுமிச்சம்பழம். அதுவும் அவள் அம்மா பெத்தம்மாள் கையில் திணித்தது.

"முட்டை வேண்டாம்," என்றார் சாமி. "ஆட்டம் பந்து ஆட்டம். அம்மன் பந்துலயே உத்தரவு குடுக்கா." வலப்பக்கம் நாலு குடம், இடப்பக்கம் நாலு குடம். அம்மன் கைகாட்டுகிற குடத்தில்தான் பந்தைப் போடவேண்டுமாம். அம்மன் மச்சானுக்கு வலப்பக்கம் காட்டினாள். பந்து ஜம்மென்று மிதந்தது. நந்தகோபாலுக்கும் வலப்பக்கம். மிதந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். செல்வமாரிக்கு அம்மன் இடப்பக்கம் திரும்பினாள். பந்து 'களுக்' என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டுக் காணாமல் போனது.

சாமி கண்ணை மூடினார். "பிள்ளைக்குக் கடல் தோஷம். இவ கடல் தாண்டுனா, கூட வாரவுகளும் முங்கிப் போவாக. ஒரு இன்வெர்ட்டர் வாங்கி வச்சா கழிச்சுவிடலாம்."

"கரண்டு போனா அம்மனுக்கு வேர்க்குமோ?" என்றாள் செல்வமாரி. கூட்டம் அவளை முறைத்தது. அவள் கேப்டனைப் பார்த்தாள். கேப்டன் பட்டுப்போன வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளே செய்தி ஊர் சுற்றிவிட்டது. தீப்பெட்டி ஆபீஸில் சோற்றுச் சட்டியோடு அவள் பக்கத்தில் உட்காருகிறவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். எட்டயபுரத்திலிருந்து பேசிவைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார், "கொஞ்ச நாள் போகட்டும்" என்று சொல்லியனுப்பினார்கள். கடல் தாண்டுகிற தோஷம் எட்டயபுரம் வரைக்கும் எப்படி நீந்தி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. பெத்தம்மாள் மட்டும் வீட்டில் அழுதுகொண்டிருந்தாள். அது சுந்தரபாண்டியன் காதுக்கு வந்தது. மத்தியானச் சோறு அவருக்கு இறங்கவில்லை.

புதன்கிழமை மச்சான் தன் பந்தை ஒரு வெள்ளித்தட்டில் வைத்து ஆபீஸுக்கு எடுத்துவந்தார். "பாத்தியா மாப்ள, அம்மன் அருள். ஈரம் காஞ்சதும் பந்துல விபூதி பூத்திருக்கு." நிஜமாகவே பந்து மேல் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தது. ஆள் ஆளுக்குத் தொட்டு நெற்றியில் பூசிக்கொண்டார்கள். கணக்கப்பிள்ளை கண்ணிலும் ஒற்றிக்கொண்டு எரிச்சல் தாங்காமல் அழுதார். பக்தி என்றார்கள்.

செல்வமாரியும் ஒரு விரலால் தொட்டாள். நெற்றிக்குக் கொண்டுபோகவில்லை. நாக்கில் வைத்தாள்.

மச்சான் போனபிறகு அவள் முதலாளி அறைக்குள் வந்தாள். "அண்ணாச்சி, அது விபூதி இல்ல. உப்பு."

"ஏட்டி, விபூதிய யாராவது நாக்குல வைப்பாளா?"

"உப்பைத்தான் எல்லாரும் நெத்தியில வச்சீங்களே. அதுக்கு இது தேவலை." அவள் சிரிக்கவில்லை. "நல்ல தண்ணியில கோல்ஃப் பந்து முங்கும். உப்பைக் கொட்டிக் கரைச்சா மிதக்கும். முட்டையும் அப்படித்தான். ஒரு பக்கம் உப்புத் தண்ணி, ஒரு பக்கம் ஊர்த் தண்ணி. அவ்வளவுதான் அம்மன்."

"இப்ப என்னைய என்ன செய்யச் சொல்லுத?" என்றார் முதலாளி.

"எனக்கு இடம் கேட்டு வரல. வெள்ளிக்கிழமை சாமிகிட்ட வழியனுப்புப் பூசைக்குப் போவீங்கள்லா, அப்ப உங்க மச்சான் குடத்துல இருந்து ஒரு கை அள்ளிக் குடிங்க. நான் குடிச்சா தோஷக்காரி குடிச்சதால கெட்டுப்போச்சும்பாக. நீங்க குடிச்சா ஒண்ணும் சொல்ல முடியாது."

'முடியாது' என்று சொல்ல வராத மனுசருக்கு 'சரி' என்று சொல்லவும் அன்று வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் கூட்டம் ஞாயிற்றுக்கிழமையைவிட அதிகம். அன்று சாயங்காலம் அஞ்சு மணிக்குள் லிஸ்ட் கொழும்புக்குப் போகவேண்டும். சாமி மச்சான் பந்தையும் நந்தகோபால் பந்தையும் மறுபடி மிதக்கவிட்டு, "ரெண்டு பேரையும் கப்பலேத்தலாம்," என்றார். அவர்கள் போவது விமானத்தில்.

சுந்தரபாண்டியன் கூட்டத்துப் பக்கம் திரும்பினார். முன்வரிசையில் பெத்தம்மாள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். ரெண்டு எட்டு முன்னால் வைத்தார்.

"சாமி, எனக்கு இந்தக் குடத்துல ஒரு கை தீர்த்தம் வேணும்."

சாமி முகம் ஒரு நொடி வெளுத்தது. "நாக்குல படக்கூடாது கேப்டன். பட்டா தோஷம்."

"வாரது எனக்கு வரட்டும். கேப்டன்னு பேரு வச்சிருக்கீகள்லா."

கூட்டம் உருகிவிட்டது. "கேப்டன்னா இவுகதான்," என்று ஒரு கிழவர் கண்ணைத் துடைத்தார். சாமி தடுப்பதற்குள் சுந்தரபாண்டியன் ரெண்டு கையாலும் அள்ளி மடக்கென்று விழுங்கினார்.

கண் பிதுங்கியது. நாக்கு வெளியே வந்தது. உடம்பு தூக்கிப்போட, குனிந்து ஓங்கரித்தார். "அம்மன் இறங்கிட்டா," என்று யாரோ சொல்ல, பெண்கள் குலவை போட்டார்கள். ஒருவர் உடுக்கையே அடிக்க ஆரம்பித்துவிட்டார்.

சுந்தரபாண்டியன் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "அம்மன் இல்ல. உப்பு."

உடுக்கை நின்றது.

செல்வமாரி முன்னால் வந்தாள். தன் பந்தை மச்சான் குடத்தில் போட்டாள். மிதந்தது. மச்சான் பந்தை எடுத்து இடப்பக்கக் குடத்தில் போட்டாள். களுக். அதோடு விடவில்லை. பக்கத்துக் குழாயில் ஒரு வாளி தண்ணீர் பிடித்துத் தன் பந்தைப் போட்டாள். முங்கியது. பையில் கொண்டுவந்த மூணு கிலோ உப்பைக் கொட்டி, கோல்ஃப் மட்டையால் கலக்கினாள். நாலைந்து நிமிசம் எல்லாரும் வாளியையே பார்த்தார்கள். அடியிலிருந்து பந்து மெதுவாக எழும்பி மேலே வந்து நின்றது.

"அந்த உப்பே அம்மன் போட்டதுதான்," என்றார் சாமி. குரலில் பழைய கம்பீரம் இல்லை.

"சரி சாமி. ஏசி வந்த பக்கமா பாத்து மட்டும் ஏன் போட்டா?" என்றாள் செல்வமாரி.

முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு ஆளுக்கு ஆள் குடத்தில் விரல் விட்டு நக்கிப் பார்த்தார்கள். இவ்வளவு நாள் கையெடுத்துக் கும்பிட்ட தண்ணீரைச் சோதிக்க ஒரு விரலும் ஒரு நாக்கும் போதுமாக இருந்தது. ரெண்டும் எல்லாரிடமும் முதலிலிருந்தே இருந்தன.

உக்கிரபாண்டி என்ற காடு உழும் சம்சாரி மட்டும் சிரிக்கவில்லை. விரலை நக்கிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். "முட்டை முங்கிருச்சுன்னு எம்மக கல்யாணத்த நிப்பாட்டுனேன். நல்ல பையன். போன மாசம் அவனுக்கு வேற இடத்துல முடிஞ்சிருச்சு," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

சாமி மெல்ல நழுவி நந்தகோபால் கொடுத்த பைக்கில் ஏறினார். பெட்ரோல் போட்டுக் கொடுக்க நந்தகோபால் மறந்திருந்தார். தெரு முக்கில் பிடித்துப் போலீசில் ஒப்படைத்தார்கள். பத்து வருசத் தவம் வேம்பார் உப்பளத்தில் கூலிவேலை என்பது அங்கேதான் தெரிந்தது.

திரும்புகிற வழியில் சுந்தரபாண்டியன் காரை நிறுத்தச் சொல்லி மறுபடி ஓங்கரித்தார். பிறகு பின்சீட்டில் இருந்த செல்வமாரியிடம் சொன்னார்: "அவன் ஊரை ஏமாத்துனான் தாயி. நான் தெரிஞ்சே உன்னைய விட்டுக்குடுத்தேன். என் தப்புதான் பெரிசு."

"லிஸ்ட்டை அனுப்புங்க அண்ணாச்சி. மணி ரெண்டாகுது."

முதல் பெயராக அவள் பெயரை அவரே எழுதினார். ரெண்டாவது இடத்துக்கு மச்சானும் நந்தகோபாலும் மைதானத்தில் ஆடிக்காட்டட்டும் என்றார். "பந்து மிதந்தவன் எதுக்கு ஆடணும்?" என்று மச்சான் வரவே இல்லை. நந்தகோபால் பெயர் போனது. உமாதேவி இருபது நாள் பேசவில்லை. சுந்தரபாண்டியன் சாகவில்லை. 'முடியாது' என்று சொன்னால் உயிர் போகாது என்பதை ஐம்பத்தி ரெண்டு வயசில் கண்டுபிடித்தார்.

கொழும்பில் அணி ஒரு புள்ளியில் தோற்றது.

ஊருக்கு அது போதும். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சுந்தரபாண்டியனைப் பார்த்ததும் பாத்திரக்கடை சோலைராஜ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "சொன்னா தப்பா நினைக்காதீங்க அண்ணாச்சி. அந்தப் பிள்ளையக் கூட்டிட்டுப் போனதுதான். தோஷம் வேலையக் காட்டிருச்சு பாத்தீகளா?"

"செல்வமாரி மூணு ஆட்டம் ஆடுனா. மூணும் ஜெயிச்சா. மிதந்தாரே நந்தகோபாலு, அவரு மூணும் தோத்தாரு. இப்ப தோஷம் யாருக்கு?"

சோலைராஜ் டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார். அவர் யோசிப்பதைப் பார்க்க சுந்தரபாண்டியனுக்குச் சந்தோசமாகக்கூட இருந்தது.

"நீங்க சொல்லுததும் சரிதான். அந்தச் சாமி டூப்பு," என்றார் சோலைராஜ். "விளாத்திகுளத்துக்கு மேக்க ஒருத்தரு இருக்காராம். தேங்காய உருட்டிவிட்டு அப்படியே புட்டுப்புட்டு வைக்காராம். நாளைக்குப் போறோம், ஒரு எட்டு வாரீகளா?"

சுந்தரபாண்டியன் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்.

"நான் வரல. நீங்க போறதுன்னா போங்க. தேங்காய மட்டும் உங்க வீட்டுலருந்து கொண்டு போங்க. மூளைய வீட்டுல வச்சிட்டுப் போயிராதீங்க."