நூற்று அறுபத்தேழு லிட்டர் எங்கே?

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் தங்கையும் தனித்தனியே நலம். அங்கு அனைவர் நலமும், குழாயில் தண்ணீர் வரும் வேகமும் அறிய ஆவல்.

விஷயம் இதுதான். மொட்டை மாடிக்குப் புதுத் தொட்டி வாங்கினேன். அதன் வயிற்றில் 220 கேலன் என்று அச்சடித்திருந்தது. ஆயிரம் லிட்டர் என்றார் கடைக்காரர். எண்ணெய்க் கிடங்கில் முப்பது வருஷம் பீப்பாய் அளந்தவன் நான், என்னிடமா? கேலனில் பெரியது, சின்னது என்று இரண்டு உண்டு. பெரியதென்றால் ஆயிரம் லிட்டர் சரி. சின்னதென்றால் 833தான். மீதி 167 லிட்டர் எங்கே போச்சு? அளந்து முடிக்கும்வரை தொட்டியிலிருந்து வீட்டுக்குள் ஒரு சொட்டு இறங்கக் கூடாதென்று சொல்லிவிட்டு, வாளி வாளியாக மேலே சுமந்து, என் ஒரு லிட்டர் அலுமினியக் குவளையால் மொண்டு மொண்டு ஊற்றினேன். 412ஆவது குவளையில் உங்கள் தங்கை சாப்பிடக் கூப்பிட்டாள், எண்ணிக்கை போயே போச்சு. எல்லாத்தையும் திறந்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். திறந்துவிட்ட தண்ணி படியிறங்கிக் கூடத்துக்கு வந்து, அவள் பீரோவின் கீழ்த்தட்டு வரை நலம் விசாரித்துவிட்டுப் போனது. மறுநாள் 706இல் பிளம்பர் எட்டிப் பார்த்து, "சார், குவளைக்குக் குவளை கொஞ்சம் சிந்துதே, அதை யாரு கழிக்கிறது?" என்றார். மனுஷன் கேட்டது நியாயம்தானே? அதையும் கொட்டிவிட்டு, இந்தத் தடவை சிந்துவதைத் துணியால் ஒற்றிப் பிழிந்து கரண்டியால் அளந்துகொண்டே ஊற்றுகிறேன்.

மூன்று நாளாக வீட்டில் குளிக்கத் தண்ணீரில்லை. இன்று காலை உங்கள் தங்கை ஒரு தேக்கரண்டி, அதாவது ஐந்து மில்லி, கண்ணீர் விட்டாள். "உங்க கேலனோடயே குடித்தனம் பண்ணுங்க, நான் அண்ணன் வீட்டுக்குப் போறேன்" என்று சொல்லிப் பெட்டி கட்டுகிறாள். மச்சான், தொட்டி கிடக்கட்டும், அவள் இல்லையென்றால் எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. அங்கே வந்து நின்றால் நாலு நல்ல வார்த்தை சொல்லி, அடுத்த பஸ்ஸிலேயே திருப்பி அனுப்பவும். அளக்கிறதை இன்றோடு விட்டேன், சத்தியம்.

பெரியவர்களுக்கு என் வணக்கமும் குழந்தைகளுக்கு ஆசியும், சிந்தாமல் சேர்க்கவும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் கிளம்பிவிட்டாள். இப்போதுதான் பார்க்கிறேன், குவளையையும் பெட்டியில் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். 829 வரை வந்திருந்தேன் மச்சான், இன்னும் ஐந்தே குவளை ஊற்றினால் உண்மை தெரிந்துவிடும். அவள் இஷ்டப்பட்ட மட்டும் அங்கே இருக்கட்டும், அவசரமில்லை. குவளையை மட்டும் உடனே அனுப்பவும். தபாலில் வேண்டாம், நசுங்கினால் அளவு மாறிவிடும். அவள் கையிலேயே கொடுத்தனுப்பவும்.